ரோடு யாருடையது என்று முதலில் எழுதி வாங்குங்கள்

மன்னார்குடிப் பக்கம் விடிகாலையில் டிவிஎஸ்ஸில் பால் கேன் கட்டிக்கொண்டு போகிறவன் நான். எங்கள் ஊர்க் கண்பாலம், அதாவது வாய்க்கால் மேல் ரோடு போகிற சின்னப் பாலம், ஓரமாக உள்வாங்கியிருந்தது. ஒரு ஐப்பசி மழையில் தண்ணீருக்கு அடியில் பள்ளம் தெரியாமல், பதினெட்டு லிட்டர் பாலோடு விழுந்தேன். மனுவோடு மூன்று அலுவலகம் ஏறினேன். மூன்றிலும் ஒரே பதில்: "அது எங்க ரோடு இல்லைங்க."

அதனால் பள்ளத்தைப் பற்றி எழுதுவதற்கு முன்னால் சொந்தக்காரரைப் பிடியுங்கள். மைல்கல்லின் தலை மஞ்சளாக இருந்தால் தேசிய நெடுஞ்சாலை, பச்சை என்றால் மாநில நெடுஞ்சாலை. கல்லே இல்லாத ரோடு பெரும்பாலும் ஒன்றியத்துடையது அல்லது ஊராட்சியுடையது. பிரதமரின் கிராமச் சாலைத் திட்டத்தில் போட்டதென்றால் தொடக்கத்தில் போர்டு இருக்கும். போட்ட ஒப்பந்தக்காரரே 5 ஆண்டு பராமரிக்க வேண்டும். (எங்கள் ஊர்ப் போர்டை முழுக்கப் போஸ்டர் மூடிக்கிடந்தது. நனைத்து உரித்துத்தான் படித்தேன்.) ஆற்றங்கரை ரோடுதான் வில்லங்கம்: கரை நீர்வளத்துறையுடையது, மேலே தார் போட்டது வேறு யாராவதாக இருக்கும்.

சந்தேகமாக இருந்தால் 10 ரூபாய் செலவு செய்யுங்கள். வெள்ளைத் தாளில் 'தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 6(1)' என்று தலைப்பிட்டு, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். இந்த ரோடு எந்தத் துறையின் பதிவேட்டில் இருக்கிறது, கடைசியாக எப்போது வேலை நடந்தது, அந்த வேலையின் எம்-புக் (செய்த வேலையை அளந்து எழுதிவைக்கும் அளவுப் புத்தகம்) நகல் வேண்டும். இவ்வளவு கேட்டால் போதும். 'ஏன் சரிசெய்யவில்லை' என்று மட்டும் கேட்காதீர்கள். அது தகவலே இல்லை என்று திருப்பிவிடுவார்கள். தவறான அலுவலகத்துக்குப் போனாலும் கவலையில்லை. பிரிவு 6(3)-இன்படி 5 நாளுக்குள் சரியான இடத்துக்கு அவர்களே மாற்றி அனுப்ப வேண்டும். பதிலுக்குக் கெடு 30 நாள். எனக்கு இருபத்தேழாம் நாள் வந்தது, முதலில் கையை விரித்த அலுவலகத்திலிருந்தே.

அந்தக் கடிதத்தின் நகலோடு திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்துக்குப் போங்கள். 'மிகப் பெரிய பள்ளம்' என்று எழுதாமல் டேப் வைத்து அளந்து நீளம், அகலம், ஆழம் எழுதுங்கள். நான் பள்ளத்துக்குள் ஒரு செங்கல்லை நிறுத்திப் படம் எடுத்தேன். கல் முழுசாக உள்ளே போயிருந்தது. அதற்குப் பிறகு யாரும் ஆழத்தைப் பற்றிப் பேசவில்லை. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் மட்டும் வெளியே வராதீர்கள்.

அப்புறம், காலம். மேட்டூரை ஜனவரி 28-இல் மூடுவதும் ஜூன் 12-இல் திறப்பதும் வழக்கம். வாய்க்கால் காய்ந்திருக்கும் அந்த இடைவெளியில்தான் கண்பாலத்தில் கை வைக்க முடியும். வைகாசியில் மனு கொடுத்தால் "தண்ணி வரப்போகுது, அடுத்த வருஷம் பார்ப்போம்" என்பார்கள். தை பிறந்ததும் கொடுங்கள். எங்களுக்குச் சித்திரையில் வேலை முடிந்தது. கிழக்குப் பக்கச் சரிவை மட்டும் கொஞ்சம் தூக்கி வைத்துவிட்டார்கள், கேன் இன்னும் குலுங்குகிறது. அதையும் அளந்து வைத்திருக்கிறேன்.