ஃபெம்டோசெல்: தப்புக் கணக்கு எங்கே தொடங்குகிறது?

வீட்டுக்குள் சிக்னல் வரவில்லையா, கோபுரத்தையே வீட்டுக்குள் கொண்டுவந்துவிடலாம் என்ற துணிச்சலில் பிறந்தது ஃபெம்டோசெல். ரூட்டர் அளவே உள்ள பெட்டி. ஒரு பக்கம் செல்பேசியோடு பேசும். மறுபக்கம் வீட்டு பிராட்பேண்ட் வழியாகத் தொலைத்தொடர்பு நிறுவனத்தின் வலையமைப்பைத் தொடும். அமெரிக்காவில் ஸ்பிரிண்ட் நிறுவனம் 2007-ல் ‘ஏர்ரேவ்’ என்ற பெயரில் இதைச் சில நகரங்களில் விற்கத் தொடங்கியது. பிரிட்டனில் 2009-ல் வோடஃபோன் இறங்கியது. கோடிக்கணக்கான வீடுகளில் இது உட்காரும் என்று அன்று பேசப்பட்டது, அப்படி நடக்கவில்லை. பெட்டி வேலை செய்யாமல் போகவில்லை. ரூட்டரைப் போலத் தோற்றமளித்ததால் எல்லோரும் அதை ரூட்டராகவே நினைத்துத் திட்டம் போட்டார்கள். நிறுவனத்துக்குச் சொந்தமான வலையமைப்பின் ஒரு துண்டு முன்பின் தெரியாத ஒருவரின் வீட்டு அலமாரியில் இருக்கிறது என்று பார்த்தால்தான் இதன் சிக்கல்கள் புரியும். இதே வகையான 4ஜி, 5ஜி சிறு நிலையங்களுக்கு (ஸ்மால் செல்) திட்டமிடுபவர்களில் பலரும் இன்னும் அதே இடத்தில்தான் சறுக்குகிறார்கள்.

முதலில் ஒரு எளிய குழப்பம். ரிப்பீட்டரும் ஃபெம்டோசெல்லும் ஒன்றல்ல. ரிப்பீட்டர் வெளியே கிடைக்கும் சிக்னலைப் பெருக்கி உள்ளே தரும். வெளியிலேயே சிக்னல் இல்லையென்றால் பயனில்லை. ஃபெம்டோசெல்லுக்கு வெளிச் சிக்னல் தேவையில்லை, பிராட்பேண்ட் தேவை. அது உரிமம் பெற்ற அலைக்கற்றையில் இயங்குவதால், யாரோ விற்கிறார்கள் என்று வாங்கிவந்து செருகிவிடவும் முடியாது. உரிமம் வைத்திருக்கும் நிறுவனம் அனுமதித்தால்தான் அது உயிர்பெறும். பல பெட்டிகளில் ஜிபிஎஸ் இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்: உரிமம் இல்லாத இடத்துக்குக் கொண்டுபோனால் அது ஒலிபரப்பக் கூடாது. அவசர அழைப்பு எங்கிருந்து வருகிறது என்று சொல்லவும் அந்த இருப்பிடம் தேவைப்படுகிறது.

பொறியாளர்கள் செய்யும் பெரிய தவறு, அலை பரப்பும் திறன் குறைவு என்றால் இடையூறு இருக்காது என்று நம்புவது. வீட்டு நிலையத்துக்கு, செல்பேசித் தரநிலைகளை வகுக்கும் 3ஜிபிபி கூட்டமைப்பு வைத்த உச்சவரம்பு 100 மில்லிவாட். கேட்பதற்கு அற்பமாகத் தெரியும். ஆனால் பெட்டி வீட்டாரின் எண்களை மட்டும் அனுமதிக்கும் ‘மூடிய குழு’ முறையில் இயங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். சுவருக்கு அப்பால் இருக்கும் அண்டை வீட்டுக்காரரும் அதே நிறுவனத்தின் வாடிக்கையாளர்தான். அவருடைய செல்பேசிக்குப் பக்கத்துப் பெட்டிதான் உரக்கக் கேட்கிறது, ஆனால் அதில் சேர அனுமதியில்லை. கோபுரமோ தொலைவில் இருக்கிறது. இரண்டும் ஒரே அலைவரிசையில் இருந்தால் அவருக்கு இருந்த சிக்னலும் போய்விடும். எதிர்த்திசையிலும் வம்பு உண்டு: தொலைவிலுள்ள கோபுரத்தை எட்டுவதற்காக அவருடைய செல்பேசி முழுத் திறனில் கத்தும்போது இந்தப் பெட்டியின் காது அடைத்துப்போகும். எல்லோரையும் அனுமதித்தால் இடையூறு குறையும். ஆனால் காசு கொடுத்து வாங்கியவர், தன் பிராட்பேண்டை ஊருக்கெல்லாம் ஏன் தரவேண்டும் என்று கேட்பார். வீட்டாருக்கு முன்னுரிமை தந்து மற்றவர்களையும் ஓரளவு அனுமதிக்கும் கலப்பு முறை இந்தக் கேள்விக்குக் கிடைத்த அரைகுறைப் பதில்.

பேசிக்கொண்டே நடக்கும்போது அழைப்பு ஒரு நிலையத்திலிருந்து மற்றொன்றுக்குக் கைமாறுவதும் எளிதல்ல. பெட்டியிலிருந்து கோபுரத்துக்கு மாற்றுவது பெரிய பாடில்லை. கோபுரத்திலிருந்து பெட்டிக்கு மாற்றுவதுதான் தலைவலி. 3ஜியில், செல்பேசி தேடிப் பார்க்க வேண்டிய அண்டை நிலையங்களின் பட்டியலில், ஒரே அலைவரிசையில் 32 நிலையங்களுக்குத்தான் இடம். நிலையங்களைப் பிரித்தறியும் குறியீடுகளோ 512 மட்டுமே, 4ஜியில் 504. ஒரு கோபுரத்தின் எல்லைக்குள் ஆயிரம் பெட்டிகள் இருந்தால் ஒரே குறியீட்டோடு பல பெட்டிகள் நிற்கும். எதற்கு அழைப்பை அனுப்புவது என்று கோபுரத்துக்குத் தெரியாது.

பிராட்பேண்டைப் பற்றிப் பேசும்போது பதிவிறக்க வேகத்தை மட்டும் பார்ப்பவர்கள் அதிகம். குரல் அழைப்பைக் கெடுப்பது பெரும்பாலும் பதிவேற்றத்தின் நெரிசலும் தாமத ஏற்ற இறக்கமும்தான். அலைவெண்ணைப் பிசகாமல் வைத்திருக்கத் தேவையான நேரத் துல்லியமும் இதே பிராட்பேண்ட் வழியாகத்தான் பல பெட்டிகளுக்கு வருகிறது. பெரிய கோபுரத்தின் அலைவெண் பத்து லட்சத்தில் 0.05 பங்குக்கு மேல் விலகக் கூடாது. வீட்டுப் பெட்டிக்கு 0.25 வரை சலுகை உண்டு. பெட்டிக்குள் அலைவெண்ணை உண்டாக்கும் மலிவான படிக அலையியற்றிக்கு அந்தச் சலுகையே கடினமான பரீட்சை. மின்சாரம் போனால் பெட்டியும் அணைந்துவிடும் என்பதைச் சொல்லாமல் விற்பது தவறு மட்டுமல்ல, ஆபத்தும்கூட.

கதிர்வீச்சு பயம் அடிக்கடி எழுகிறது. நிலையம் அருகில் இருந்தால் செல்பேசி தன் திறனைக் குறைத்துக்கொள்ளும். காதோடு ஒட்டியிருப்பது செல்பேசிதான், பெட்டியல்ல.

பாதுகாப்பில் செய்த தவறு இதைவிட ஆழமானது. 3ஜியில் செல்பேசியின் மறையாக்கம் (பேச்சைப் பிறர் கேட்க முடியாதபடி பூட்டுவது) கோபுரத்தில் முடிவதில்லை. அதற்குப் பின்னால், நிறுவனத்தின் பூட்டிய அறையிலுள்ள கட்டுப்பாட்டகத்தில்தான் முடிகிறது. ஃபெம்டோசெல்லில் அந்த வேலை முழுதும் பெட்டிக்குள்ளேயே வந்துவிட்டது. பெட்டியிலிருந்து இணையத்தில் பேச்சு போகும் பாதைக்குத் தனி மறையாக்கம் உண்டு என்றாலும், பெட்டிக்குள் அது வெளிப்படையாகக் கிடக்கிறது. தாக்குபவர் பெட்டியைத் திறந்து, திருகி, ஆற அமர ஆராயலாம். 2011-ல் வோடஃபோன் பெட்டியையும் 2013-ல் வெரைசன் பெட்டியையும் ஆய்வாளர்கள் அப்படித்தான் உடைத்துக் காட்டினார்கள்.

வணிகக் கணக்கு இன்னும் விசித்திரம். ஸ்பிரிண்ட் 2008-ல் பெட்டிக்கு 99.99 டாலரும், மாதம் 4.99 டாலரும் கேட்டது. மின்சாரமும் பிராட்பேண்டும் வாடிக்கையாளருடையவை. உங்கள் சேவை என் வீட்டில் எடுக்கவில்லை, அதைச் சரிசெய்ய நானா பணம் தரவேண்டும்? இந்தக் கேள்விக்கு எந்த விளம்பரமும் சரியான பதில் சொல்லவில்லை. டேட்டா நெரிசலைக் கோபுரத்திலிருந்து இறக்கிவைப்போம் என்பது மற்றொரு வாதம். அந்த வேலையை வைஃபை ஏற்கெனவே இலவசமாகச் செய்துகொண்டிருந்தது. 2014-ல் ஐஓஎஸ் 8 வழியாக ஐபோனுக்கு வைஃபை அழைப்பு வசதி வந்தபின் குரலும் கைநழுவத் தொடங்கியது. போட்டியாளர் மற்றொரு ஃபெம்டோசெல் நிறுவனம்தான் என்று எண்ணித் திட்டம் எழுதியவர்கள் வைஃபையைக் கணக்கில் சேர்க்கவே இல்லை.

தொழில்துறை இதை உணர்ந்தது. 2007-ல் தொடங்கிய ஃபெம்டோ ஃபோரம் 2012-ல் தன் பெயரை ஸ்மால் செல் ஃபோரம் என்று மாற்றிக்கொண்டது; கவனம் வீட்டிலிருந்து அலுவலகம், மருத்துவமனை, வணிக வளாகம் பக்கம் நகர்ந்தது. அங்கே காசு கொடுக்க ஆளுண்டு. ஆனால் ஒரு கட்டடத்துக்குள் எல்லா நிறுவனங்களின் வாடிக்கையாளர்களும் நுழைவார்கள், ஒரு நிறுவனத்தின் பெட்டி அதன் எண்களுக்கே உதவும். அதனால் பல நிறுவனங்களுக்கும் பொதுவான நிலையம்தான் என் பார்வையில் நம்பத்தகுந்த வழி. அமெரிக்காவில் 2020 முதல் முழு வணிகப் பயன்பாட்டுக்கு வந்த 3.5 கிகாஹெர்ட்ஸ் பகிர்வுப் பட்டை (பலரும் பகிர்ந்து பயன்படுத்தும் அலைக்கற்றை), கட்டட உரிமையாளரே வலையமைப்பு அமைக்க இடம் தருகிறது.

எந்த வழியில் போனாலும் பெட்டியின் ஆயுளைக் கணக்கில் சேர்க்க வேண்டும். ஏடி அண்ட் டி தன் 3ஜி சேவையை 2022-ல் நிறுத்தியபோது, வாடிக்கையாளர்கள் வாங்கி வைத்திருந்த, ‘3ஜி மைக்ரோசெல்’ என்ற பெயர்கொண்ட அதன் ஃபெம்டோசெல் பெட்டிகளும் அன்றோடு செத்தன. அவற்றில் பழுது எதுவும் இல்லை.