சில்ஹெட்டி பேசப் பழகலாம்: முதல் நான்கு படிகள்

வங்காளதேசத்தின் வடகிழக்கில் இருக்கும் சில்ஹெட், எல்லைக்கு இந்தப் பக்கம் அசாமின் பராக் பள்ளத்தாக்கு, இரண்டு இடத்திலும் வீட்டுப் பேச்சு சில்ஹெட்டி. லண்டனில் 'இந்தியன் ரெஸ்டாரன்ட்' என்று பலகை மாட்டிய பல கடைகளின் சமையலறையிலும் இதுதான் ஓடும். வங்காளியின் வட்டார வழக்கு என்பார்கள், தனி மொழி என்பவர்களும் உண்டு. எப்படியானாலும், புத்தக வங்காளியை மட்டும் படித்துவிட்டுப் போனால் திணறுவீர்கள். அதனால் காதிலிருந்து தொடங்குங்கள்.

படி 1: ஒலி மாற்றம்

'ப' பெரும்பாலும் 'ஃப' ஆகும்: தண்ணீர் 'பானி' இல்லை, 'ஃபானி'. 'ச' மெலிந்து 'ஸ' ஆகும்: 'ச்சா' (தேநீர்) இங்கே 'ஸா'. 'க' பல இடங்களில் உரசும் ஒலியாகும்: பேனா 'கொலொம்' என்பது 'ஹொலொம்'. 'முகம்' என்னும்போது நடுவில் வரும் ஒலியைத் தொண்டையில் இன்னும் கொஞ்சம் உரசினால் சரியாக வரும். ஆனால் 'கித்தா' (என்ன) என்பதில் 'க' அப்படியே இருக்கும்.

படி 2: குரல் ஏற்றம்

எனக்கு மிகவும் பிடித்த இடம் இது. வங்காளியில் மூச்சை வெளியே தள்ளிச் சொல்லும் எழுத்துகள் உண்டு, நமக்கு அவை கஷ்டம். சில்ஹெட்டியில் அந்த மூச்சு மறைந்துவிட்டது. அதற்குப் பதிலாகக் குரல் மேலே ஏறுகிறது. 'பாலா' என்று சமமாகச் சொன்னால் வளையல், குரலை ஏற்றிச் சொன்னால் 'நல்லது' (முதல் எழுத்து 'கம்பு'வில் வரும் ப). 'ஆத்' சமமாக என்றால் குடல், ஏற்றினால் கை. இந்த இரண்டு ஜோடிகளையும் சத்தமாகச் சொல்லிப் பதிவு செய்து கேளுங்கள். ஒரு வாரம் இதிலேயே இருந்தாலும் நஷ்டமில்லை.

படி 3: வினைச்சொல்

'ஆமி ஜாய்ராம்' என்றால் நான் போகிறேன். 'தூமி ஜாய்ராய்' என்றால் நீ போகிறாய். பெரியவர்களிடம் 'ஆஃப்னே ஜாய்ரா'. நம் தமிழைப் போலவே ஆளுக்கேற்ப விகுதி மாறுகிறது. ('ஜா'வை 'ஸா' மாதிரி உரசி, ஆனால் குரலோடு சொல்ல வேண்டும்.)

படி 4: கேள்வி

வாக்கியத்தின் கடைசியில் 'நி' சேர்த்தால் போதும், நம் '-ஆ' மாதிரி. 'பாலா நி?' என்றால் நல்லா இருக்கீங்களா? மரியாதையாக: 'ஆஃப்னே பாலா ஆஸொய்ன் நி?' யாராவது உங்களைக் கேட்டால், 'ஒய், பாலா ஆஸி' என்று சொல்லுங்கள். 'ஆமாம், நல்லா இருக்கேன்' என்று அர்த்தம். இங்கேயும் 'பாலா'வில் குரலை ஏற்ற மறக்காதீர்கள்!

இந்த மொழிக்குச் சில்ஹெட்டி நாகரி என்று சொந்த எழுத்தும் உண்டு, 2005-இல் யூனிகோடில் சேர்ந்தது. அது அப்புறம். முதலில் பேசுங்கள்.