ஆயில் ஃபில்டர்: டப்பாவில் இருக்கும் பேரை விட மரைதான் முக்கியம்

எஞ்சின் ஆயில் என்றால் நம்மூரில் ஆளாளுக்கு ஒரு கட்சி. ஃபுல் சிந்தெடிக்தான் ஊற்றணும் என்பார் ஒருவர், அதெல்லாம் காசு பிடுங்குகிற வேலை, செமி போதும் என்பார் இன்னொருவர், டீ ஆறிப் போகிற வரைக்கும் பேச்சு ஓடும். அதே ஆள் ஸ்பேர் கடையில் போய் நின்றால் ஃபில்டருக்கு மட்டும் "ஏதோ ஒண்ணு குடுங்கண்ணா" என்று முடித்துவிடுவார். ஆயிலுக்குக் கொட்டும் காசில் பத்தில் ஒரு பங்குகூட வராத சாமான் என்பதால் வரும் அலட்சியம்தான். தப்பான ஆயில் ஊற்றினால் எஞ்சின் மெதுவாகத் தேயும். தப்பான ஃபில்டர் போட்டால் நடுரோட்டில் ஆயில் மொத்தமும் கொட்டிப் போகவும் வாய்ப்பு உண்டு.

எஞ்சினுக்கு அடியில் இருக்கும் ஆயில் தொட்டியான சம்ப்பில் இருந்து பம்ப் ஆயிலை இழுத்து முதலில் ஃபில்டருக்குத்தான் தள்ளுகிறது, அங்கே வடிகட்டிய பிறகுதான் அது கிராங்க் பேரிங்குக்கும் கேம் பக்கமும் போகும். எரிந்த கரி, தேய்ந்த இரும்புத் தூள், யாரோ கேஸ்கட்டுக்கு அள்ளிப் பூசிய பசையின் துணுக்கு என்று எல்லாம் ஃபில்டருக்குள் இருக்கும் மடிப்புத் தாளில் தங்கணும். சாதாரண ஃபில்டர் தாள் 20, 30 மைக்ரான் அளவுத் தூளைப் பெரும்பாலும் பிடித்துவிடும், மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு, தலைமுடி ஒன்று சுமார் 70 மைக்ரான் இருக்கும் என்று வைத்துக்கொண்டால் அளவு பிடிபடும்.

தாள் மட்டும் இருந்தால் போதாது, உள்ளே ரெண்டு வால்வு உண்டு. ஒன்று பைபாஸ் வால்வு: தாள் அடைத்துப் போனாலோ, குளிரில் ஆயில் கெட்டியாக இருந்தாலோ, வடிகட்டாத ஆயிலையாவது எஞ்சினுக்கு விட்டுவிடும், ஏனென்றால் அழுக்கு ஆயிலோடு ஓடினால் தேய்மானம், ஆயிலே இல்லாமல் ஓடினால் எஞ்சின் ஜாம். சில எஞ்சின்களில் இந்த வால்வு ஃபில்டரில் இருக்காது, எஞ்சின் பிளாக்கிலேயே இருக்கும். இன்னொன்று வண்டியை நிறுத்தினதும் ஃபில்டரில் நிற்கும் ஆயில் சம்ப்புக்குத் திரும்பி இறங்காமல் தடுக்கிற ரப்பர் வால்வு. காலையில் முதல் ஸ்டார்ட்டில் ரெண்டு மூன்று செகண்ட் கடகடவென்று தட்டிவிட்டு அடங்குகிற கார்களைக் கேட்டிருப்பீர்கள். அதில் பாதிச் சந்தேகம் இந்த ரப்பர் மேல்தான் போகணும்.

கடையிலேயே இதைப் பார்த்துவிடலாம். டப்பாவைத் திறந்து ஃபில்டரின் வாயைப் பாருங்கள்: நடுவில் மரை, அதாவது திருகு வரி, போட்ட பெரிய துளை, சுற்றிலும் சின்னச் சின்னத் துளைகள். ஆயில் சின்னத் துளைகள் வழியாக உள்ளே போய் நடுத்துளை வழியாக வெளியே வரும். சின்னத் துளைக்குள் எட்டிப் பார்த்தால் ரப்பர் மடல் தெரியும், கறுப்பாக இருந்தால் பொதுவாக நைட்ரைல், ஆரஞ்சு மாதிரி இருந்தால் சிலிக்கான். பல் குத்துகிற குச்சியால் லேசாக அழுத்திவிட்டு எடுத்தால் உடனே பழைய இடத்துக்கு வந்து ஒட்டணும். விறைத்துப்போய், அழுத்தினால் அப்படியே நிற்கிற மாதிரி இருந்தால் பல வருசம் ரேக்கில் கிடந்த சரக்கு, திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சூடு அதிகம் காண்கிற வண்டிக்கு சிலிக்கான் நல்லது. வாய் மேலே பார்த்து நிற்கிற ஃபில்டர்கள் சிலவற்றில் இந்த வால்வே இருக்காது, அது குறையில்லை.

இப்போது மரைக்கு வருகிறேன். லேத் பட்டறை இல்லாத தெருவைக் கோயமுத்தூரில் தேடணும், அப்படிப்பட்ட ஊர்க்காரர்களுக்கு மரையைப் பற்றி நான் சொல்லித் தர வேண்டியதில்லை, ஆனாலும் இங்கேதான் கோளாறு நடக்கிறது. மாருதி, ஹூண்டாய், ஹோண்டா பெட்ரோல் கார்கள் பெரும்பாலானவற்றில் ஃபில்டர் மரை 20 மில்லிமீட்டர், 1.5 பிட்ச், அதாவது ஒரு வரிக்கும் அடுத்த வரிக்கும் 1.5 மில்லிமீட்டர். டொயோட்டாவின் சொந்த எஞ்சின்கள் பலவற்றில் முக்கால் இஞ்சு, இஞ்சுக்கு 16 மரை. முக்கால் இஞ்சு என்பது 19.05 மில்லிமீட்டர். கண்ணுக்கு ரெண்டும் ஒன்றுதான், ஃபில்டர் வாயில் இருக்கும் ரப்பர் வளையமான கேஸ்கட்டின் வட்டமும் கிட்டத்தட்ட ஒத்துப் போகலாம். எஞ்சினில் நீட்டிக்கொண்டிருக்கும் முக்கால் இஞ்சு மரைத் தண்டில் 20 மில்லிமீட்டர் ஃபில்டரை மாட்டினால் லொடலொடவென்று ஏறும், கேஸ்கட் அமுங்கியதும் டைட் ஆன மாதிரியே கைக்குத் தோன்றும். உள்ளே மரை நுனியில் மட்டும் பிடித்துக்கொண்டிருக்கும். ஆயில் பிரஷர் ஏறினதும் ஒரு நாள் விட்டுவிடும், அப்புறம் சம்ப் காலியாக ரொம்ப நேரம் ஆகாது.

கம்பெனிப் பேரை வைத்தும் முடிவு கட்ட முடியாது. கிளான்சா டொயோட்டா பேட்ஜ் போட்ட பலேனோதான், உள்ளே இருப்பது சுசுகி எஞ்சின், அதற்கு சுசுகி ஃபில்டர். பழைய ஸ்விஃப்ட் டீசலில் இருப்பது ஃபியட்டின் 1.3 லிட்டர் எஞ்சின், அதற்குத் தகர டப்பா ஃபில்டரே கிடையாது, உள்ளே செருகுகிற தாள் எலிமெண்ட்தான். அதனால் கடைக்காரர் "எந்த வண்டி கண்ணு?" என்று கேட்டால் மாடல், வருசம், பெட்ரோலா டீசலா மூன்றையும் சொல்லுங்கள். அதை விட நல்லது ஓனர் மேனுவலில் அல்லது பழைய ஃபில்டரில் இருக்கும் பார்ட் நம்பரைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போவது. பார்ட் நம்பர் ஒத்துப் போனால் கம்பெனி ஃபில்டரோ, பாஷ், மான், மாஹ்லே, எலோஃபிக் மாதிரி பேர் பெற்ற வெளிச் சரக்கோ, எது போட்டாலும் சரிதான். நூறு ரூபாய் வித்தியாசத்துக்காக ரொம்ப யோசிக்க வேண்டாம். டூப்ளிகேட்டுக்கு மட்டும் பயப்படணும்: அச்சு மங்கலாக, விலை, மாதம், பார்ட் நம்பர் சரியாக இல்லாமல், கையில் எடுத்தால் பழையதை விட எடை குறைவாக இருந்தால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள்.

"கொஞ்சம் பெரிய ஃபில்டரா போட்டா அழுக்கு நிறையப் பிடிக்கும்" என்று ஒரு யோசனையும் பட்டறைகளில் உலவுகிறது. பைபாஸ் வால்வு எந்த பிரஷரில் திறக்கணும் என்பது எஞ்சினுக்கு எஞ்சின் மாறும், பெரிய ஃபில்டரின் வால்வு உங்கள் எஞ்சினுக்கு ஒத்துப் போகாமல் இருக்கலாம், அதோடு தோட்டத்துக்குப் போகிற இட்டேரி மண் பாதையில் கல்லில் முதலில் அடிபடுவது தொங்குகிற ஃபில்டர்தான். தேவையில்லாத வேலை.

எப்போது மாற்றுவது? ஆயில் மாற்றும்போதெல்லாம் ஃபில்டரும் மாறணும், ஒன்று விட்டு ஒன்று என்பதெல்லாம் வேண்டாம், புது ஆயிலை ஊற்றி அதில் பழைய அழுக்கைக் கலப்பதில் என்ன மிச்சம்? இப்போதைய பெட்ரோல் கார்கள் பலவற்றுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருசம், எது முன்னால் வருகிறதோ அது. மேனுவலைக் கடைசி வரை புரட்டினால் கடினமான ஓட்டத்துக்கு என்று இன்னொரு அட்டவணை இருக்கும், அதில் கெடு குறைவாக இருக்கும். அது ராஜஸ்தான்காரருக்கு என்று நினைத்துவிட வேண்டாம். ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று பல்லடம், தாராபுரம் பக்கம் மண்ணை வாரி இறைக்கும்போது ஓட்டுகிறவர், கல் குவாரி ரோட்டில் தினம் போகிறவர், திம்பத்தின் 27 கொண்டை ஊசியையும் வால்பாறையின் 40 கொண்டை ஊசியையும் அடிக்கடி ஏறுகிறவர் எல்லாம் அந்த அட்டவணைக்காரர்தான். திருப்பூரில் வீட்டுக்கும் கம்பெனிக்கும் ரெண்டு கிலோமீட்டர் மட்டும் ஓட்டுகிறவரும் அதில் சேர்த்தி: எஞ்சின் முழுச் சூடு ஆவதற்குள் அணைத்தால் ஈரமும் எரியாத பெட்ரோலும் ஆயிலிலேயே தங்கும். தூசி விசயத்தில் ஒன்று, அதை உள்ளே விடாமல் தடுப்பது ஏர் ஃபில்டர். அது கிழிந்திருந்தால் ஆயில் ஃபில்டரை எத்தனை தடவை மாற்றினாலும் பிரயோசனம் இல்லை.

சரி, வேலைக்கு வருவோம். சமதளத்தில் வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, கியரில் விட்டு, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். வண்டியோடு வந்த ஜாக்கி டயர் மாற்றத்தான், அதை மட்டும் நம்பி அடியில் படுக்கவே கூடாது. ஜாக் ஸ்டாண்டு அல்லது ராம்ப் வேண்டும், இல்லையென்றால் தெரிந்த பட்டறையில் பள்ளம் இருந்தால் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கெல்லாம் முன்பே, நியூட்ரலில் எஞ்சினை அஞ்சு நிமிசம் ஓட்டி நிறுத்தினால் ஆயில் இளகும். தூரம் ஓட்டிவிட்டு வந்த சூட்டில் தொட வேண்டாம், கை வெந்துவிடும்.

மேலே ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து வைத்துவிட்டு, கீழே தட்டு வைத்து, சம்ப்பில் ஆயில் வடிக்கிற டிரெயின் போல்ட்டை சரியான அளவு பாக்ஸ் ஸ்பேனரால் கழற்றுங்கள். கடைசி ரெண்டு சுற்றைக் கையால் திருகும்போது போல்ட்டை உள்பக்கமாக அழுத்திப் பிடித்தபடி சுற்றி, சட்டென்று இழுத்தால் ஆயில் முழங்கை வரைக்கும் வழியாது. சொட்டு நிற்கிற வரை விடுங்கள். போல்ட்டின் வாசரைப் புதிதாகப் போடணும், அஞ்சு பத்து ரூபாய் சாமான். போல்ட்டை முதலில் விரலாலேயே சுற்றி ஏற்றி, அப்புறம்தான் ஸ்பேனர். அலுமினிய சம்ப்பில் மரை போனால் அப்புறம் லேத்துக்காரரிடம்தான் போய் நிற்கணும்.

அடுத்தது ஃபில்டர். கையால் வந்தால் நல்லது, வழுக்கினால் உப்புத்தாளைச் சுற்றிப் பிடித்துப் பாருங்கள், அதற்கும் மசியவில்லை என்றால் பட்டையால் சுற்றிப் பிடிக்கிற பேண்ட் ரிஞ்ச். ஸ்க்ரூ டிரைவரை அடித்துச் செருகித் திருகுகிற பழைய வித்தை கடைசி வழி. தகரம் கிழிந்து அடித்தட்டு மட்டும் மாட்டிக்கொண்டால் வேலை ரெட்டிப்பாகும். ஃபில்டருக்குள்ளும் ஆயில் இருக்கும், தட்டை நகர்த்தி வைத்துக்கொள்ளுங்கள்.

கழற்றினதும் உடனே பழைய ஃபில்டரின் வாயைப் பாருங்கள், ரப்பர் வளையம் அதில் இருக்கிறதா? இல்லையென்றால் அது எஞ்சினிலேயே ஒட்டிக்கொண்டிருக்கிறது. கறுப்பு ஆயிலில் கறுப்பு வளையம், கண்ணுக்குத் தெரியாது, விரலை விட்டுச் சுற்றித் தடவினால்தான் தட்டுப்படும். அதன் மேலேயே புதுசை மாட்டினால் ரெண்டு வளையம் ஒன்றின் மேல் ஒன்று வழுக்கி, பிரஷர் வந்ததும் பிதுங்கிக்கொண்டு கொட்டும். இந்த முழு வேலையில் ஒரே ஒரு விசயத்தைத்தான் கவனமாகச் செய்வேன் என்றால் இதைச் செய்யுங்கள். அப்புறம் உட்காரும் முகத்தைத் துடைத்துவிட்டு, புது வளையத்தில் புது ஆயிலை விரலால் தடவி, கையாலேயே ஏற்றுங்கள். வளையம் முகத்தைத் தொட்டதும் ஃபில்டர் மேல் பேனாவால் ஒரு கோடு போட்டு, அங்கிருந்து முக்கால் சுற்று, அல்லது ஃபில்டரில் எவ்வளவு என்று அச்சடித்திருக்கிறதோ அவ்வளவு. ரிஞ்ச் போட்டு முறுக்குவது வேண்டாம், வளையம் நசுங்கித்தான் போகும், அடுத்த தடவை கழற்ற வருகிறவர் உங்களைத் திட்டுவார். ஃபில்டர் வாய் மேலே பார்த்து நிற்கிற வண்டியானால் மாட்டும் முன் கொஞ்சம் ஆயில் ஊற்றிக்கொள்ளலாம், படுத்த வாக்கில் இருந்தால் ஊற்றிப் பயனில்லை.

எலிமெண்ட் வகை, அதாவது 1.3 ஃபியட் டீசல் மாதிரி, கொஞ்சம் வேறு. பிளாஸ்டிக் மூடியை அதற்கான கப் சாக்கெட் வைத்துத் திறக்கணும், பைப் ரிஞ்சால் கவ்வினால் விரிசல் விடும். எலிமெண்டோடு வரும் ஓ-ரிங்கை எல்லாம் மாற்றுங்கள், பழசு எந்தக் காடியில் இருந்ததோ அதே காடியில். உள்ளே துடைக்க பனியன் வேஸ்ட் துணி வேண்டாம், அதன் நூல் பிரிந்து உள்ளே தங்கும். கைக்கும் வெளிப்பக்கத்துக்கும் அது போதும், உள்ளுக்கு நூல் விடாத துணி. எலிமெண்டுக்கு மேல், கீழ் உண்டு, பழசைக் கழற்றும்போதே படம் எடுத்துவிடுங்கள். மூடியில் முறுக்கு அளவு எழுதியிருந்தால் டார்க் ரிஞ்ச் வைத்து அதற்கே நிறுத்துங்கள்.

ஆயிலை மேனுவல் சொல்லும் அளவுக்குக் கொஞ்சம் குறைவாகவே முதலில் ஊற்றி, கியரை நியூட்ரலுக்கு எடுத்துவிட்டு ஸ்டார்ட் செய்யுங்கள், ஆக்சிலேட்டரைத் தொட வேண்டாம். ஃபில்டர் நிறைய வேண்டும் என்பதால் சிவப்பு ஆயில் விளக்கு அணைய சில செகண்ட் ஆகலாம். அதற்கு மேலும் எரிந்தால் உடனே ஆஃப். அணைந்துவிட்டால் வண்டியை ஓட விட்டபடியே, அடியில் போகாமல், எட்டிக் குனிந்து டார்ச் அடித்து ஃபில்டர் ஓரத்திலும் டிரெயின் போல்ட்டிலும் கசிவு பாருங்கள். நிறுத்தி அஞ்சு நிமிசம் கழித்து டிப் ஸ்டிக் பார்த்து, ரெண்டு குறிக்கும் நடுவில் மேல்பக்கமாக நிற்கிற மாதிரி ஊற்றி முடியுங்கள். மேல் குறியைத் தாண்டினால் நல்லது என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

பழைய ஃபில்டரை உடனே தூக்கிப் போட வேண்டாம். ராத்திரி முழுக்கக் கவிழ்த்து வைத்து வடிய விட்டு, முடிந்தால் தகரத்தை வெட்டித் தாளை விரித்துப் பாருங்கள், ஆக்ஸா பிளேடால் அறுத்தால் அதன் தூளே உள்ளே விழுந்து ஏமாற்றும், தகரம் வெட்டுகிற கத்தரி நல்லது. கரி கறுப்பாக இருப்பது சகஜம், மினுமினுவென்று ஒன்றிரண்டு தூள் தெரிந்தாலும் புது எஞ்சினில் கவலையில்லை. காந்தத்தில் ஒட்டும் செதில்களோ, செம்பு நிறத்தில் துணுக்குகளோ நிறையக் கிடந்தால் பேரிங் பக்கமோ வேறு எங்கேயோ ஏதோ தேய்கிறது, மெக்கானிக்கிடம் அந்தத் தாளையே எடுத்துக்கொண்டு போய்க் காட்டுங்கள்.

வடிந்த ஆயிலைக் கேனில் பிடித்துப் பட்டறையில் கொடுத்துவிடலாம், பேரலில் சேர்த்து வைத்து விற்கிறார்கள். சென்ட்ரிங் பலகைக்குப் பூசவும், கரையான் வராமல் மரத்தில் அடிக்கவும் கேட்டு வாங்குகிறவர்கள் உண்டு, ஆனால் மத்திய அரசின் 2016 கழிவு விதிகளின்படி பழைய ஆயில் அபாயக் கழிவு, மண்ணில் இறங்கினால் கிணற்றுத் தண்ணீருக்கும் கேடு. சாக்கடையில் ஊற்றினால் கோவை, திருப்பூரில் அது கடைசியில் போய்ச் சேருவது நொய்யலில். வடிந்து காய்ந்த ஃபில்டரைப் பழைய இரும்புக் கடையில் எடுத்துக்கொள்வார்கள்.