தரவிறக்கும் முன் பெட்டியைப் படியுங்கள்: பழைய கணினி வைத்திருப்பவர்களுக்கு ஒரு செய்முறை

என் அக்காவின் மகன் ஒன்பது இரவுகள் கண்விழித்து ஒரு விளையாட்டைத் தரவிறக்கினான். திருகோணமலை உவர்மலையில் அவர்கள் வீட்டு இணைய இணைப்பில் இரவு நேரத்துக்கென்று தனியான தரவு ஒதுக்கீடு உண்டு. நள்ளிரவு தாண்டியதும் தொடங்குவான், விடியும் முன் நிறுத்துவான், மறுநாள் விட்ட இடத்திலிருந்து பிடிப்பான். 90 ஜிபியை அப்படித்தான் சேர்த்தான். பத்தாம் நாள் காலையில், பாடசாலைச் சீருடையோடு நின்றபடியே திறந்து பார்த்திருக்கிறான். கறுப்புத் திரையின் நடுவே சிறிய சாம்பல் நிறக் கட்டம், அதற்குள் ஒரே வரி: உங்கள் கிராபிக்ஸ் கார்ட் இந்த விளையாட்டுக்கு ஏற்றதல்ல.

“மாமா, இது ஐ7 தானே? ஐ7 என்றால் எல்லாம் ஓடும் என்று கடையில் சொன்னார்களே?” என்று அன்று மாலை கேட்டான். விளையாட்டுக்குக் கொடுத்த பணத்தைத் திரும்பப் பெற்றுக் கொடுத்தேன். ஒன்பது இரவுத் தரவை யாரிடம் கேட்பது?

அவனுக்குச் சொல்லிக் கொடுத்ததை இங்கே ஒழுங்காக எழுதுகிறேன். கணினியைப் பற்றி எதுவும் தெரியாதவர்களும் செய்யலாம். கொப்பித்தாள் ஒன்றும் பேனாவும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: தாளில் ஆறு வரிகள்

விசைப்பலகையில் விண்டோஸ் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி ஆர் எழுத்தைத் தட்டுங்கள். சிறிய கட்டம் ஒன்று திறக்கும். அதில் டி, எக்ஸ், டி, ஐ, ஏ, ஜி என்ற ஆறு ஆங்கில எழுத்துகளையும் இடைவெளி விடாமல் எழுதி என்டர் கொடுங்கள். ஏதாவது கேள்வி வந்தால் ஆம் என்று சொல்லிவிடலாம், ஆபத்தில்லை.

திறக்கும் முதற்பக்கத்தின் பெயர் சிஸ்டம். அதிலிருந்து விண்டோஸ் பதிப்பு, புரொசெசரின் முழுப்பெயர் (கணினியின் மூளை அது, ஐ7 என்பது அதன் பெயர்தான்), மெமரி அளவு ஆகிய மூன்றையும் எழுதுங்கள். மெமரி என்பதுதான் நாம் ராம் என்று சொல்வது. 4096 எம்பி என்றிருந்தால் 4 ஜிபி, 8192 என்றிருந்தால் 8 ஜிபி.

அடுத்து டிஸ்பிளே என்ற பக்கத்துக்குப் போங்கள். அங்கே, திரையில் படத்தை வரையும் பாகமான கிராபிக்ஸ் கார்டின் பெயரையும் அதற்கெனத் தனியாக இருக்கும் மெமரியையும் ஒரே வரியில் எழுதுங்கள். ‘மொத்த மெமரி’ என்று காட்டும் பெரிய எண்ணைப் பார்த்து மகிழ வேண்டாம். ராமிலிருந்து கடன் வாங்கும் பங்கையும் சேர்த்துச் சொல்லும் எண் அது. அதே பக்கத்தில் வலப்புறம் ‘ஃபீச்சர் லெவல்ஸ்’ என்றொரு வரி இருக்கும். அதிலுள்ள எண்களில் மிகப் பெரியதை எழுதி, அடியில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். மருமகனின் கணினியில் அது 11_0.

ஆறாவது வரிக்குக் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் ஒன்றாக அழுத்துங்கள். டாஸ்க் மனேஜர் வரும். அதில் பெர்ஃபோமன்ஸ் பகுதியில் டிஸ்க் என்பதைப் பார்த்தால், கோப்புகளைச் சேமிக்க உங்களிடம் இருப்பது வேகமான எஸ்எஸ்டியா மெதுவான பழைய ஹார்ட் டிஸ்க்கா என்று தெரியும். எவ்வளவு இடம் மிச்சம் என்பதையும் பக்கத்தில் குறித்துவிடுங்கள்.

படி 2: தேவைப் பட்டியலைக் கீழிருந்து வாசியுங்கள்

விளையாட்டு விற்கும் பக்கத்தில் குறைந்தபட்சத் தேவை, பரிந்துரைக்கும் தேவை என்று இரண்டு பட்டியல்கள் இருக்கும். எல்லோரும் முதலில் ராமைப் பார்க்கிறார்கள். அது 8 என்றிருந்து நம்மிடமும் 8 இருந்தால் போதும் என்று நினைத்துத் தரவிறக்கத் தொடங்கிவிடுகிறார்கள். ராம் குறைந்தால் விளையாட்டு இழுத்து இழுத்தாவது ஓடும். கிராபிக்ஸ் கார்டுக்கு ஒரு திறன் இல்லையென்றால் விளையாட்டு திறக்கவே திறக்காது. ஆகவே திறக்க விடாமல் தடுக்கும் வரிகளை முதலில் பாருங்கள்.

முதலாவது டைரக்ட்எக்ஸ், அதாவது விளையாட்டும் கார்டும் பேசிக்கொள்ள விண்டோஸ் தரும் மொழி. இங்கேதான் என் மருமகன் விழுந்தான். சிஸ்டம் பக்கத்தில் ‘டைரக்ட்எக்ஸ் 12’ என்று காட்டியது, விளையாட்டும் 12 கேட்டது, பொருந்துகிறது என்று நம்பினான். சிஸ்டம் பக்கத்தில் இருப்பது விண்டோஸிடம் உள்ள பதிப்பு. கார்டால் முடிந்தது எது என்பதை நீங்கள் கோடு போட்ட அந்த ஃபீச்சர் லெவல் எண்தான் சொல்லும். 12 கேட்கும் விளையாட்டுக்கு 12_0 அல்லது அதற்கு மேல் இருந்தால்தான் நிம்மதி. அவனுடைய ஐ7-3770 வெளிவந்தது 2012இல். அதற்குள் இருக்கும் இன்டெல் எச்டி 4000 கிராபிக்ஸ் 11_0 உடன் நின்றுவிடுகிறது. எந்த செட்டிங்ஸாலும் அதைக் கூட்ட முடியாது.

இரண்டாவது ‘ரே டிரேசிங்’. ஒளி பட்டுத் தெறிக்கும் விதத்தை அந்தந்தக் கணமே கணக்கிடும் வித்தை இது. சில ஆண்டுகளுக்கு முன்வரை, வேண்டுமானால் போட்டுக்கொள்ளும் அலங்காரமாக இருந்தது. 2024 டிசம்பரில் வந்த இண்டியானா ஜோன்ஸ் விளையாட்டு, ரே டிரேசிங் செய்யத் தெரியாத கார்டில் ஓடாது. குறைந்தபட்சமே என்விடியா நிறுவனத்தின் ஆர்டிஎக்ஸ் 2060 சூப்பர் கார்டைக் கேட்டது. 2025இல் வந்த டூம் விளையாட்டும் அதே வழியில் போனது. கார்டின் பெயரில் ஆர்டிஎக்ஸ் என்றில்லாமல் ஜிடிஎக்ஸ் என்றிருந்தால், இப்படிப்பட்ட விளையாட்டுகளை இப்போதைக்கு மறந்துவிடுங்கள்.

மூன்றாவது எஸ்எஸ்டி. 2023இல் வந்த ஸ்டார்ஃபீல்ட், 125 ஜிபி இடத்தை எஸ்எஸ்டியிலேயே கேட்டது. சைபர்பங்க் 2077, 2020இல் வந்தபோது ஹார்ட் டிஸ்க்கை ஏற்றுக்கொண்டது. 2023இல் குறைந்தபட்சப் பட்டியலிலேயே எஸ்எஸ்டி ஏறிவிட்டது.

நான்காவது விண்டோஸ். விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளம் 2024 ஜனவரி 1 முதல் விண்டோஸ் 7, 8 இரண்டையும் ஆதரிப்பதில்லை. விண்டோஸ் 10க்கான ஆதரவை மைக்ரோசாஃப்ட் 2025 ஒக்டோபர் 14இல் நிறுத்தியது. 10இல் விளையாட்டுகள் இன்னும் ஓடுகின்றன, ஆனால் இனி வருபவற்றில் இந்த வரியைப் பார்க்காமல் விடாதீர்கள்.

இந்த நான்கும் தாண்டினால்தான் வேகத்தைப் பற்றிய கேள்வி. கார்டின் பெயரில் முதல் எண்கள் தலைமுறையையும் கடைசி இரண்டு எண்கள் தரத்தையும் சொல்லும். ஜிடிஎக்ஸ் 1060 என்றால் 10ஆம் தலைமுறை, 60 தரம். எண் பெரிதாக இருப்பதால் மட்டும் கார்ட் வலியதாகிவிடாது. பழைய 970, புதிய 1050ஐ எளிதில் முந்தும். புரொசெசரிலும் இதே பிழைதான் நடக்கிறது. ஐ7 என்ற இரண்டு எழுத்துக்குக் கடைகளில் இருக்கும் மதிப்பு அளவுக்கு மீறியது. இடைக்கோட்டுக்குப் பின்னால் வரும் எண்ணைப் பாருங்கள். 3770 என்றால் மூன்றாம் தலைமுறை, 12100 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை. ஐ3-12100, ஐ7-3770ஐவிடத் தெளிவாகவே வேகமானது.

இதில் எனக்குக் கோபம் இருக்கிறது, மறைக்க விரும்பவில்லை. 2020 நவம்பரில் பிளேஸ்டேஷன் 5, எக்ஸ்பாக்ஸ் சீரிஸ் எக்ஸ் ஆகிய விளையாட்டுக் கருவிகள் 16 ஜிபி மெமரியோடும் வேகமான எஸ்எஸ்டியோடும் வந்தன. பழைய பிளேஸ்டேஷன் 4க்காகவும் சேர்த்துச் செய்யும் வரை விளையாட்டுகளின் பசி அடங்கியிருந்தது. அதைக் கைவிட்டதும் கணினிக்கான குறைந்தபட்சமும் ஒரேயடியாக ஏறியது. ஒளியை முன்கூட்டியே கணக்கிட்டு ஒவ்வொரு சுவரிலும் பதித்து வைக்கும் நீண்ட வேலையை ரே டிரேசிங் மிச்சப்படுத்துகிறது. செய்பவர்களுக்கு நேரம் மிச்சம், செலவு விளையாடுபவன் தலையில். 2022இல் சில மாதங்களுக்குள் ஒரு டொலர் 200 ரூபாவிலிருந்து 360 ரூபாவுக்கு ஏறியதைப் பார்த்த நாட்டில், புதிய கார்ட் வாங்குவது ஒரு வீட்டின் பெரிய முடிவு. புதிய விளையாட்டை விரும்பாவிட்டால் பழையதையே ஆடலாம் என்றும் சொல்லிவிட முடியாது. கவுண்டர்-ஸ்ட்ரைக்கின் முந்தைய பதிப்பு 2 ஜிபி ராமும் 15 ஜிபி இடமும் கேட்டது. 2023 செப்டெம்பரில் அதன் இடத்துக்கு வந்த இரண்டாம் பதிப்பு 8 ஜிபி ராமும் 85 ஜிபி இடமும் கேட்கிறது. ஆண்டுக்கணக்கில் ஆடிக்கொண்டிருந்த பிள்ளைகள் ஒரே இரவில் வெளியே நின்றார்கள்.

படி 3: தரவுக் கணக்கு

நொடிக்கு 10 மெகாபிட் வேகத்தில் 100 ஜிபி இறங்க, இடையில் எதுவும் அறுபடாவிட்டாலும் 22 மணித்தியாலத்துக்கு மேல் ஆகும். உங்கள் மாத ஒதுக்கீட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஸ்டீமில் வாங்கியிருந்தால், வாங்கி 14 நாட்களுக்குள், 2 மணித்தியாலத்துக்குக் குறைவாக ஆடியிருந்தால், பணத்தைத் திரும்பக் கேட்கலாம். ஆகவே இரவு இரவாகச் சேர்ப்பவர்கள் தரவிறக்கி முடியும் நாளை எண்ணிப் பார்த்துவிட்டு வாங்குங்கள். பதினைந்தாம் நாள் திறந்து பார்த்துப் பயனில்லை.

படி 4: பெட்டியைத் திறந்து சுத்தம் செய்யுங்கள்

கடலோரத்தில் இருக்கும் நமக்கு இது மற்ற எல்லாவற்றையும்விட முக்கியம். கச்சான் காற்று வீசும் மாதங்களில் யன்னலைத் திறந்து வைத்தால் மேசையில் விரலால் பெயர் எழுதலாம். அந்தத் தூசு முழுவதையும் கணினியின் காற்றாடி உள்ளே இழுக்கிறது. அதோடு கடற்காற்றின் உப்பு ஈரமும் சேர்கிறது.

மருமகனின் பெட்டியை நான் திறந்தபோது, புரொசெசருக்கு மேலிருக்கும் அலுமினியத் தகடுகளுக்கிடையில் இடைவெளியே தெரியவில்லை. சாம்பல் நிறத்தில், கம்பளித் துண்டு போல, ஒரே பாளமாகத் தூசு அடைந்திருந்தது. பல் துலக்கும் தூரிகையின் காம்பால் நெம்பியபோது தகடுகளின் அச்சு பதிந்தபடியே முழுதாகக் கழன்று வந்தது. பின்பக்கத் திருகாணி இரண்டில் துரு ஏறியிருந்தது.

செய்யவேண்டியது இதுதான். மின்கம்பியைப் பிடுங்கிவிட்டு, பவர் பொத்தானைச் சில நொடிகள் அழுத்தி மிச்ச மின்சாரத்தைப் போக்குங்கள். பெட்டியின் இரும்புச் சட்டத்தை ஒருமுறை தொட்டுக்கொள்ளுங்கள். உலர்ந்த மென்மையான தூரிகையால் தட்டித் தட்டித் தூசை வெளியே எடுங்கள். காற்று அடிப்பதானால் காற்றாடியை விரலால் பிடித்துக்கொண்டு அடியுங்கள், சுழல விட்டால் அச்சு கெடும். ஈரத்துணி வேண்டாம். பல ஆண்டு பழைய பெட்டியென்றால் புரொசெசருக்கும் தகட்டுக்கும் நடுவிலுள்ள வெப்பப் பசை காய்ந்து பொருக்காகியிருக்கும். அதைத் துடைத்துவிட்டுப் புதுப்பசையைத் துவரம்பருப்பு அளவு நடுவில் வைத்தால் போதும். கை நடுங்குகிறவர்கள் இந்த ஒன்றை மட்டும் பழுதுபார்ப்பவரிடம் கொடுங்கள்.

விளையாடும்போது புரொசெசரின் வெப்பம் 100 பாகையை நெருங்கி நின்றால், அது தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைக்கத் தொடங்கும். ‘அரை மணித்தியாலம் நன்றாக ஓடுகிறது, பிறகு இழுக்கிறது’ என்பவர்களில் பலருக்கு நோய் இதுதான்.

படி 5: விளையாட்டுக்குள் எதைக் குறைப்பது

எல்லாவற்றையும் ஒரேயடியாகக் கீழே இறக்காதீர்கள். முதலில் ரெசொலூஷன். 1920×1080 திரையில் 20 இலட்சத்துக்கு மேற்பட்ட புள்ளிகள் உண்டு. 1280×720 திரையில் 9 இலட்சத்து 21 ஆயிரம்தான். கார்டின் சுமை பாதிக்கும் கீழே போகிறது. அடுத்து நிழல்களைக் குறையுங்கள், பிறகு பிரதிபலிப்பு, மூடுபனி. பொருட்களின் மேற்பரப்பில் ஒட்டும் படமான டெக்ஸ்சர் என்பதைக் கடைசியில் தொடுங்கள். கார்டின் மெமரி போதுமென்றால் அதனால் வேகம் பெரிதாகக் குறையாது. எஃப்எஸ்ஆர் என்ற தெரிவு இருந்தால் போட்டுப் பாருங்கள். சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கிக் காட்டும் அந்த முறையை ஏஎம்டி 2021இல் கொண்டுவந்தது, மற்ற நிறுவனங்களின் கார்ட்களிலும் வேலை செய்யும். நொடிக்கு வரும் படங்களின் எண்ணிக்கை 25க்கும் 45க்கும் இடையில் ஊசலாடினால் 30இல் கட்டிவையுங்கள். ஒரே சீரான 30 கண்ணுக்கு இதமாக இருக்கும்.

படி 6: வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால்

எது குறை என்று தாள் சொல்கிறதோ அதை மட்டும் வாங்குங்கள். தனிக் கார்ட் இல்லாதவர்கள் ராமை இரண்டு துண்டுகளாகப் போடுவது நல்லது. ஒரே 8 ஜிபியைவிட இரண்டு 4 ஜிபி, உள்ளிணைந்த கிராபிக்ஸுக்கு நன்றாக உதவும். பழைய பெட்டிக்கு டிடிஆர்3, சற்றுப் புதியதற்கு டிடிஆர்4 என்று வெட்டு வேறு வேறு இடத்தில் இருக்கும். பழைய துண்டைக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள்.

அலுவலகங்களில் பாவித்துக் கழித்த பெட்டிகள்தான் நம் வீடுகளில் அதிகம். அவற்றின் பவர் சப்ளையிலிருந்து கார்டுக்கென்று தனிக் கம்பி பெரும்பாலும் வராது. தாய்ப்பலகையில் கார்டைச் செருகும் துளை 75 வாட் வரைதான் கொடுக்கும். ஜிடிஎக்ஸ் 1050 டிஐ, 1650 ஆகியவற்றில் தனிக்கம்பி கேட்காத வகைகள் உண்டு. ஒல்லியான பெட்டிக்கு உயரம் குறைந்த வகையைத் தேட வேண்டும். இரண்டில் நான் 1650ஐத்தான் சொல்வேன். 10 தொடருக்குப் புதிய விளையாட்டுகளுக்கான டிரைவர்களை, அதாவது கார்டை இயக்கும் மென்பொருளை, என்விடியா 2025 ஒக்டோபருடன் முடித்துக்கொண்டது. இரண்டிலும் ரே டிரேசிங் இல்லை என்பதையும் மறக்கவேண்டாம்.

பாவித்த கார்டை மாட்டிக் காட்டாமல் பணம் கொடுக்காதீர்கள். எங்கள் தெருவில் ஒருவர் 1050 டிஐ என்று வாங்கி வந்தது, உள்ளே மிகப் பழைய கார்ட் ஒன்றுக்குப் பெயரை மட்டும் மாற்றி எழுதியதாக இருந்தது. விண்டோஸும் ஏமாந்து புதுப்பெயரைத்தான் காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளைப் பென்டிரைவில் கொண்டுபோய்க் கடையிலேயே திறந்து பாருங்கள், போலி என்றால் பெயருக்கு முன்னாலேயே பெரும்பாலும் எழுதிக் காட்டும்.

படி 7: இன்றே ஓடக்கூடியவை

ஸ்டார்டியூ வேலி 2 ஜிபி ராமும் 500 எம்பி இடமும் கேட்கும். ஹாலோ நைட்டுக்கு 4 ஜிபி ராமும் 9 ஜிபி இடமும் போதும், ஒரே இரவில் இறங்கிவிடும். நண்பர்களோடு சேர்ந்து சுடும் விளையாட்டு வேண்டுமென்றால் வேலரன்ட் தன் குறைந்தபட்சப் பட்டியலில் இன்டெல் எச்டி 4000ஐயே எழுதியிருக்கிறது. விண்டோஸ் 11 போட்டவர்களிடம் மட்டும் அது டிபிஎம் 2.0, செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு வசதிகளையும் கேட்கும்.

மருமகன் தன் தாளைத் திரைக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டியிருக்கிறான். போன கிழமை போனபோது பார்த்தேன். ராம் வரியில் 4ஐப் பென்சிலால் வெட்டி 8 என்று எழுதியிருந்தான். 11_0 அப்படியே இருந்தது. அதற்குக் கீழே அவன் இன்னும் தரவிறக்காத இரண்டு விளையாட்டுகளின் பெயர்கள் இருந்தன, இரண்டுக்கும் நேரே அவை கேட்கும் எண்.