சீகன்பால்க் எந்த ஊர்ப் பெயர்? அரிய ஜெர்மன் குடும்பப்பெயர்களை ஆராயும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

தரங்கம்பாடிக்குப் போனவர்கள் சீகன்பால்க் என்ற பெயரைப் பார்க்காமல் திரும்பியிருக்க மாட்டார்கள். 1706-இல் அந்தக் கரையில் வந்து இறங்கி, தமிழ் படித்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சேற்றிய பர்த்தலோமேயு சீகன்பால்க் பற்றித் தமிழில் நிறைய எழுதப்பட்டிருக்கிறது. அவருடைய குடும்பப்பெயரைப் பற்றி அநேகமாக யாரும் எழுதுவதில்லை. ஜெர்மனியிலேயே அரிதாகக் காதில் விழும் பெயர் அது. அதற்கு என்ன பொருள், எந்தப் பகுதிக்காரர்கள் அதை வைத்துக்கொண்டார்கள், எத்தனை பேர் அந்தப் பெயரோடு இருக்கிறார்கள் என்று தேட இறங்குபவர்கள் திரும்பத் திரும்ப ஒரே குழிகளில்தான் விழுகிறார்கள்.

பெரும்பாலான தவறுகளுக்கு வேர் ஒன்றுதான். எடுத்த எடுப்பிலேயே பொருளைத் தேடுகிறோம். முதலில் பார்க்க வேண்டியது ஊர், அடுத்தது காலம். பொருள் அப்புறம்தான்.

இன்றைய அகராதியை நம்புவது

சீகன்பால்க் என்பதில் இரண்டு சொற்கள் இருக்கின்றன. முன்பாதியில் இருக்கும் 'சீகே' என்றால் வெள்ளாடு. 'பால்க்' என்ற பின்பாதியை இன்றைய ஜெர்மன் அகராதியில் பார்த்தால், அடங்காத பிள்ளை என்ற பொருளும் அங்கே இருக்கும். உடனே 'ஆட்டுக்குட்டிபோலத் துள்ளுகிற வால்பையன்' என்று ஒரு கதை பிறந்துவிடும். கேட்க அழகாகத்தான் இருக்கிறது. ஆனால் ஜெர்மன் குடும்பப்பெயர்கள் 12-ஆம் நூற்றாண்டு முதல் மெல்ல மெல்ல உருவானவை. பல இடங்களில் 14, 15-ஆம் நூற்றாண்டுகளில்தான் நிலைத்தன. அந்தக் கால ஜெர்மனில் 'பால்க்' என்றால் உரித்த தோல், தோல்பை, கொல்லன் உலையின் துருத்தி. ஆகவே இது வெள்ளாட்டுத் தோல். தோல் உரிப்பவர், தோல் வாங்கி விற்பவர், தோல்பை தைப்பவர் போன்றோருக்கு அக்கம்பக்கத்தார் வைக்கும் பட்டப்பெயர் இந்த வகையில்தான் அமையும். பழைய பொருளைத் தரும் அகராதி கையில் இல்லாமல் ஜெர்மன் குடும்பப்பெயருக்கு விளக்கம் சொல்லவே கூடாது.

ஒலி ஒத்துப்போவதை நம்புவது இன்னும் ஆபத்து. 'சீக்லர்' என்ற பெயரைப் பார்த்ததும் ஆடு மேய்ப்பவர் என்று நினைக்கத் தோன்றும். அதற்கும் ஆட்டுக்கும் சம்பந்தமே இல்லை. 'சீகல்' என்றால் செங்கல், ஓடு. லத்தீனிலிருந்து வந்த சொல். சீக்லர் செங்கல் சூளைக்காரர். சீகன்ஹைன், சீகன்ஹால்ஸ் என்ற பெயர்களைப் பார்த்தால் அவை ஊர்களின் பெயர்கள். அந்த ஊர்களிலிருந்து கிளம்பி வேறு ஊருக்குக் குடிபோனவருக்குத்தான் அப்படிப் பெயர் விழும். சொந்த ஊரிலேயே இருப்பவரை ஊர் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அடையாளம் தெரியுமா? நியூரன்பெர்கர் என்ற பெயர் நியூரன்பெர்க் நகரத்துக்கு வெளியே பிறந்த பெயர் என்பதை மறந்துவிட்டு, அந்த நகரத்துப் பதிவேடுகளில் மாதக்கணக்கில் தேடுபவர்கள் இருக்கிறார்கள்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த உதாரணம் எஸ்ஸர். இன்றைய ஜெர்மனில் 'எஸ்ஸன்' என்றால் சாப்பிடுவது. அதனால் எஸ்ஸர் என்றால் சாப்பாட்டு ராமன் என்று பலரும் முடிவுகட்டிவிடுகிறார்கள். அந்தப் பெயர் எங்கே குவிந்திருக்கிறது என்று பாருங்கள்: ரைன் நதியின் கீழ்ப்பகுதி, கொலோன் நகரம், அதைச் சுற்றிய ஊர்கள். அந்த வட்டாரப் பேச்சில் வண்டி அச்சு செய்பவரை அப்படித்தான் சொன்னார்கள். வரைபடத்தை முதலில் பார்த்திருந்தால் சாப்பாட்டுக் கதைக்கு இடமே இருந்திருக்காது.

வட்டாரத்தை விட்டுவிடுவது

ஒரே தொழிலுக்கு ஜெர்மன் நிலம் முழுக்க ஒரே சொல் இருந்ததில்லை. குயவரைக் கிழக்குப் பக்கம் 'டோப்ஃபர்' என்றார்கள், தெற்கே 'ஹாஃப்னர்', ஹெஸ்ஸன் பக்கம் 'ஆய்லர்'. வண்டி செய்பவர் ஓரிடத்தில் வாக்னர், இன்னோரிடத்தில் ராடமாகர், வேறோரிடத்தில் ஸ்டெல்மாகர். இவை அப்படியே குடும்பப்பெயர்களாக உறைந்துவிட்டன. அதனால் சொல்லே ஒரு முகவரி.

சீகன்பால்க்கிலும் அந்த முகவரி இருக்கிறது. வெள்ளாட்டுக்குத் தெற்கிலும் தென்மேற்கிலும் 'கைஸ்' என்பதுதான் வழக்கு. 'சீகே' கிழக்கு மத்திய ஜெர்மனியின் சொல். மார்ட்டின் லூத்தர் தன் பைபிளில் அதைப் பயன்படுத்திய பிறகுதான் எல்லோருக்கும் பொதுச் சொல் ஆனது. பெயர் உருவான காலத்தில் அது இன்னும் வட்டாரச் சொல்தான். எனவே ஸ்வாபியாவிலோ ஸ்விட்சர்லாந்திலோ இந்தப் பெயரைத் தேடத் தொடங்குவது வீண் அலைச்சல். சாக்சனி, துரிங்கியா பக்கம் தொடங்கலாம். சீகன்பால்க் 1682-இல் பிறந்த புல்ஸ்னிட்ஸ் இருப்பது சாக்சனியில், மேல் லவுசிட்ஸ் பகுதியின் ஓரத்தில். சொல்லும் ஊரும் ஒன்றையொன்று தாங்கிப் பிடிக்கின்றன. இப்படி இரண்டும் பொருந்தும்போதுதான் ஒரு விளக்கத்தை நம்பலாம்.

லவுசிட்ஸ் பகுதிக்கு இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. அது சோர்பியர்கள் வாழும் நிலம். அவர்களுடைய மொழி ஸ்லாவிய மொழி. புல்ஸ்னிட்ஸ் என்ற ஊர்ப்பெயரே ஸ்லாவிய மூலம் கொண்டது. அங்கே சாதாரணமாகக் காணப்படும் 'நோவாக்' என்ற பெயருக்குப் புதிதாக வந்தவர் என்று பொருள். ஜெர்மனியில் இருக்கிறது என்பதற்காக ஒவ்வொரு பெயரையும் ஜெர்மன் சொல்லாகப் பிய்த்துப் பார்ப்பது, குறிப்பாகக் கிழக்குப் பகுதிகளில், தவறான பதிலையே தரும்.

பெயரிலிருந்து குடும்பக் கதை எழுதுவது

சீகன்பால்க்கின் தந்தை தானிய வியாபாரி. தோலுக்கும் அவருக்கும் தொழில் உறவு இல்லை. பெயர் நிலைத்து நூற்றாண்டுகள் ஆன பிறகு, தொழிலும் பெயரும் தனித்தனியே போய்விடுகின்றன. ஆகவே பெயரின் பொருளை வைத்து 17-ஆம் நூற்றாண்டு முன்னோருக்குத் தொழில் கொடுக்காதீர்கள். கைசர், கோனிக் என்ற பெயர்கள் பேரரசர், அரசர் என்று பொருள் தந்தாலும் அரச வம்சத்தைக் காட்டுவதில்லை. நாடகத்தில் அரசர் வேடம் போட்டவர், அரசருடைய நிலத்தில் வேலை செய்தவர், கொஞ்சம் மிடுக்காக நடந்தவர் என்று பலருக்கும் அப்படிப் பெயர் விழுந்தது.

உயர்குடி ஆசை பெரிய மனிதர்களையும் விடவில்லை. தத்துவஞானி நீட்சே தன்னைப் போலந்துப் பிரபுக்களின் வழிவந்தவர் என்று நம்பினார், எழுதியும் வைத்தார். பிற்பாடு அவருடைய முன்னோரைத் தலைமுறை தலைமுறையாகத் தேடியபோது கிடைத்தவை எல்லாம் ஜெர்மன் பெயர்கள்தான். நீட்சே என்பது நிக்கோலாஸ் என்ற பெயரின் ஸ்லாவிய சாயல் கொண்ட சுருக்கம். பெயரில் ஸ்லாவியச் சாயல் இருந்தது உண்மை. அதை வைத்துப் பிரபுக்கள் வரை போனதுதான் பிழை.

'ஃபான்' என்று முன்னொட்டு இருந்தாலே பிரபு என்று நினைப்பதும் இந்த வகைதான். வடக்கு ஜெர்மனியிலும் ஸ்விட்சர்லாந்திலும் சாதாரண விவசாயிகளுக்கும் அந்த முன்னொட்டு உண்டு; எந்த இடத்தவர் என்பதை மட்டும் அது சொல்கிறது. டச்சு, ஃபிளெமிஷ் பெயர்களில் வரும் 'வான்' அப்படித்தான். பீத்தோவன் தன் அண்ணன் தம்பி பிள்ளைக்காக வியன்னாவில் வழக்காடியபோது, பிரபுக்களுக்கான நீதிமன்றத்தில் அந்த 'வான்' பற்றிய கேள்வி எழுந்தது. பிரபு என்பதற்கு அவரிடம் சான்று இல்லை. 1818 டிசம்பரில் வழக்கு சாதாரண நகர நீதிமன்றத்துக்கு மாற்றப்பட்டது.

குடும்பப்பெயரைச் சொன்னால் 'உங்கள் குலச்சின்னம்' என்று ஒரு படத்தை அச்சிட்டு விற்கும் கடைகள் நிறைய இருக்கின்றன. வாங்காதீர்கள். சின்னம் ஒரு குறிப்பிட்ட குடும்பத்துக்கு உரியது. அதே பெயர் கொண்ட எல்லோருக்கும் அல்ல.

ஒரே எழுத்துக்கூட்டலைத் தேடுவது

நேரம் அதிகம் வீணாவது இங்கேதான். ஜெர்மனி முழுவதும் அரசுப் பதிவகங்கள் வந்தது 1876-இல். அதற்கு முன் பிறப்பும் திருமணமும் இறப்பும் தேவாலயப் பதிவேட்டில்தான் ஏறின. போதகர் காதில் விழுந்தபடி எழுதினார். சாக்சனிப் பேச்சில் க-வும் மெலிந்த க-வும், ப-வும் மெலிந்த ப-வும் ஏறக்குறைய ஒன்றாகிவிடும். அதனால் சீகன்பால்க்கின் கடைசி எழுத்து பழைய தாள்களில் ஜி ஆகவும், சி-கே ஆகவும், ஜி-கே ஆகவும் வரும். இவற்றை மூன்று குடும்பங்கள் என்று எண்ணினால் எண்ணிக்கையும் தப்பு, வரலாறும் தப்பு. கவிஞர் கோத்தேயின் தாத்தா காலத்தில்கூட அந்தப் பெயரின் நடு எழுத்தை வேறு விதமாகத்தான் எழுதினார்கள்.

பெண்கள் பெயருக்குப் பின்னால் 'இன்' சேர்ப்பது பழைய வழக்கம். சீகன்பால்க்கின் தாய் பிறந்த வீடு ப்ரூக்னர். அக்கால வழக்கப்படி பதிவேட்டில் ஏற்றினால் அது 'ப்ரூக்னரின்' ஆகிவிடும். அதைத் தனிக் குடும்பப்பெயராகக் குறித்துக்கொண்டு, இப்படி ஒரு அரிய பெயர் கிடைத்ததே என்று மகிழ்பவர்கள் ஏராளம்.

கையெழுத்து இன்னொரு பொறி. குரென்ட் எனப்படும் பழைய ஜெர்மன் கையெழுத்தில் 'எ' ஒலிக்கான எழுத்தும் 'ன்' ஒலிக்கான எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும் இரண்டு சின்னக் கோடுகள்தான். 'ல்' எழுத்துக்கும் 'ப்' எழுத்துக்கும் அடியில் ஒரு சுழிதான் வித்தியாசம். சீகன்பால்க் போன்ற பெயரில் இந்த நான்கும் இருக்கின்றன. பழக்கமில்லாதவர் படித்துக் கணினியில் ஏற்றினால், உலகத்தில் யாருக்கும் இல்லாத ஒரு பெயர் பட்டியலில் சேர்ந்துவிடும். பதிவில் ஒரே ஒரு முறை மட்டும் வரும் 'மிக அரிய' பெயரைப் பார்த்தால், மூலத்தாளின் படத்தைத் திறந்து பார்க்காமல் நம்பாதீர்கள். லூத்தரன் தேவாலயப் பதிவேடுகளுக்கு ஆர்க்கியோன், கத்தோலிக்கப் பதிவேடுகளுக்கு மாத்ரிகுலா என்ற இணையத் தளங்களில் பக்கங்களின் படங்களே கிடைக்கின்றன.

படித்தவர்கள் பெயரை லத்தீனாக்கிக்கொண்டதும் உண்டு. சென்னை புரசைவாக்கத்தில் பள்ளிக்குப் பெயராக இருக்கும் பெப்ரிஷியஸ், 1711-இல் ஹெஸ்ஸனின் க்ளேபெர்க்கில் பிறந்தவர். லத்தீனில் 'ஃபாபர்' என்றால் கைவினைஞர், கொல்லர். ஷ்மிட் போன்ற பெயர்கள்தான் பல வீடுகளில் பெப்ரிஷியஸ் ஆயின. முல்லர் மோலிட்டர் ஆனார், ஷ்னைடர் சார்ட்டோரியஸ் ஆனார். இத்தாலியில் போய்த் தேட வேண்டியதில்லை. அதேபோல், இந்த மாதிரிப் பெயருக்கு ஒரே பூர்விக ஊர் இருக்கும் என்றும் எதிர்பார்க்க வேண்டாம்.

பெயர் தொடர்ந்தால் ரத்தமும் தொடரும் என்று நினைப்பது

வடமேற்கு ஜெர்மனியின் வெஸ்ட்ஃபாலியாவில் பெயர் பண்ணைக்கு உரியது. பெண் வாரிசு உள்ள பண்ணைக்கு மாப்பிள்ளையாக வந்தவர் அந்தப் பண்ணையின் பெயரை எடுத்துக்கொண்டார். பிள்ளைகளுக்கும் அதே பெயர். பதிவேட்டில் 'கெனான்ட்', அதாவது 'என்று அழைக்கப்படுபவர்', என்ற சொல்லோடு இரண்டு பெயர்களும் சேர்ந்து வரும். அதைக் கவனிக்காமல் தாண்டினால் வேறொருவருடைய வம்சத்துக்குள் போய்விடுவீர்கள். கிழக்கு ஃப்ரீஸ்லாந்தில் நம்மூர் இனிஷியல் போலத்தான்: அப்பாவின் பெயர் பிள்ளைக்கு ஒட்டும், பேரனுக்கு அது மாறிவிடும். 1811-இல் நெப்போலியன் ஆட்சி நிலையான குடும்பப்பெயரை வைத்துக்கொள்ளச் சொன்னது. அதற்கு முன் 'இந்தக் குடும்பப்பெயர்' என்று பல வீடுகளில் ஒன்று இருந்ததே இல்லை.

எண்ணிக்கையை அப்படியே எடுத்துக்கொள்வது

ஒரு பெயருக்கு இன்று எத்தனை பேர் என்று துல்லியமாகச் சொல்லும் தளங்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். ஆராய்ச்சியாளர்கள் சார்ந்திருக்கும் முக்கியமான தரவு 2005-ஆம் ஆண்டின் தொலைபேசி இணைப்புகள்: சுமார் 2.8 கோடி தனியார் இணைப்புகள், அவற்றில் ஏறக்குறைய 8.5 லட்சம் வெவ்வேறு குடும்பப்பெயர் வடிவங்கள். ஜெர்மன் குடும்பப்பெயர் வரைபடத் தொகுதிகளும் மைன்ஸ் கலைக்கழகத்தின் மின்னணு அகராதியும் இதை வைத்துத்தான் வேலை செய்கின்றன. இணைப்பு என்பது ஆள் அல்ல. ஒரு வீட்டில் நான்கு பேர் இருக்கலாம். தோராயமாக மூன்றால் பெருக்கினால் ஆட்களின் எண்ணிக்கை வரும். முல்லர் போன்ற பெயருக்கு இந்தக் கணக்கு சரியாக ஓடும். இருபது இணைப்புகள் உள்ள பெயருக்கு ஓடாது.

வரைபடத்தில் நிறத்தை மட்டும் பார்ப்பதும் தவறு. ஐம்பதாயிரம் பேர் வாழும் ஒரு மாவட்டத்தில் இரண்டு இணைப்புகள் இருந்தால், பத்து லட்சத்துக்கு நாற்பது என்று கணக்காகி அந்த மாவட்டம் அடர்ந்த நிறத்தில் தெரியும். பெர்லினில் அதே பெயரில் இருபது இணைப்புகள் இருந்தாலும் பத்து லட்சத்துக்கு ஐந்தாறுதான், நிறம் வெளுத்திருக்கும். எண்ணிக்கை வரைபடம், விகித வரைபடம் இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

சாக்சனிப் பெயருக்கு இன்னொரு சிக்கல். பழைய கிழக்கு ஜெர்மனியில் வீட்டுத் தொலைபேசி அரிது. 1990-களின் தொடக்கத்துப் பட்டியல்களை எடுத்தால் அந்தப் பகுதிப் பெயர்கள் உள்ளதைவிட அரிதாகத் தோன்றும். அதோடு, இரண்டாம் உலகப் போர் முடிந்தபின் சைலேசியா, பொமரேனியா, கிழக்குப் பிரஷ்யா, சுடேட்டன் பகுதிகளிலிருந்து ஒரு கோடிக்கும் மேற்பட்ட ஜெர்மானியர்கள் வெளியேற்றப்பட்டார்கள். அவர்களோடு பெயர்களும் நாடெங்கும் சிதறின. இன்று பவேரியாவில் இருக்கும் ஓர் அரிய பெயர் 1945 வரை சைலேசியாவின் ப்ரெஸ்லாவ் நகரத்துப் பக்கத்தில் இருந்திருக்கலாம்.

இதற்கு நல்ல மாற்று, முதல் உலகப் போரின் ஜெர்மன் இழப்புப் பட்டியல்கள். இறந்தவர்கள், காயம்பட்டவர்கள், காணாமல் போனவர்கள் எல்லோரும் சொந்த ஊரோடு அதில் இருக்கிறார்கள். கணினி வம்சாவளிச் சங்கத்தின் தன்னார்வலர்கள் 80 லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகளை உள்ளிட்டு, பெயரைத் தேடினால் வரைபடமாகவே பார்க்கும்படி வைத்திருக்கிறார்கள். ராணுவ வயது ஆண்கள் மட்டும் என்பதால் அதில் மக்கள்தொகைக் கணக்கு கிடைக்காது. பெயர் சிதறுவதற்கு முன் எங்கே நின்றது என்பது கிடைக்கும். சீகன்பால்க், நோவாக், எஸ்ஸர் எதுவானாலும் நான் முதலில் திறக்கச் சொல்வது அந்தப் பக்கத்தைத்தான். 2005 வரைபடத்தை அதற்குப் பிறகு திறந்து இரண்டையும் ஒப்பிடலாம். 2025 மே மாதம் முதல் ஜெர்மனியில் தம்பதியர் இரட்டைக் குடும்பப்பெயரைத் தங்களுக்குப் பொதுப்பெயராக வைத்துக்கொள்ளலாம் என்று சட்டம் வந்துவிட்டது. அதனால் இனிவரும் பட்டியல்களில் ஓர் அரிய பெயரைத் தேடும்போது இரட்டைப் பெயர்களின் இரண்டு பாதிகளிலும் தேட வேண்டும்.