கடற்கரை மணலில் கார்னர்பேக்: இராமநாதபுரத்துப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சிக் குறிப்பு

அமெரிக்க ஃபுட்பாலில், வீசப்படும் பந்தை ஓடிப்போய்ப் பிடிக்கும் எதிரணி ரிசீவரைத் தனியாளாக நின்று மறிப்பவர் கார்னர்பேக். எங்கே திரும்பப் போகிறோம் என்று ரிசீவருக்குத் தெரியும், கார்னருக்குத் தெரியாது. அவர் முன்னால் ஓடி வருவார், இவர் பின்னால் ஓட வேண்டும். இதில் வேகமான பையனும் ஏமாறுவான். ரிசீவர் இடுப்பைத் திருப்புகிறவரை தன் இடுப்பைத் திருப்பாமல் பொறுத்திருப்பவரே இந்த இடத்தில் நிலைப்பார். கீழே உள்ள பயிற்சிகளில் பெரும்பாலானவை அந்தப் பொறுமையைக் காலுக்குப் பழக்கத்தான்.

முதலில் எந்த வடிவத்தில் ஆடுவது என்று முடிவு செய்யுங்கள். ஹெல்மெட், தோள்கவசத்தோடு மோதி ஆடும் 11 பேர் ஆட்டத்தைப் பயிற்றுநர் இல்லாமல் தொடங்கவே கூடாது. கழுத்திலும் தலையிலும் படும் அடி விளையாட்டல்ல. ஃபிளாக் ஃபுட்பால் போதும். அணிக்கு 5 பேர், இடுப்புப் பட்டையில் இரண்டு துணி நாடா, அதை உருவினால் ஆட்டக்காரர் பிடிபட்டார் என்று கணக்கு. 2023 அக்டோபரில் மும்பையில் கூடிய சர்வதேச ஒலிம்பிக் குழு, 2028 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் ஆண், பெண் இரு பிரிவிலும் இதைச் சேர்த்தது. ஆகவே இந்தக் குறிப்பு பெண் பிள்ளைகளுக்கும்தான்.

இடம் பிடிப்பது

மைதானம் 50 கஜ நீளம், 25 கஜ அகலம். இரு முனையிலும் 10 கஜம் கோல் பகுதி. மொத்தம் 70 கஜம், அதாவது 64 மீட்டர். டேப் இல்லாவிட்டால் கடலோரக் கணக்கே உதவும்: ஒரு பாகம் ஆறடி, அதாவது இரண்டு கஜம். அகலத்துக்குப் பன்னிரண்டரைப் பாகம், நீளத்துக்கு முப்பத்தைந்து. ஆனால் ஆளுக்கு ஆள் கைவீச்சு மாறும். ஒரு தடவை டேப்பால் அளந்து நைலான் கயிற்றில் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அளந்ததும் கயிற்றைச் சுருட்டிவிட வேண்டும். தரையில் விட்டால் காலைச் சுற்றும். மூலைக்குப் பழைய ரப்பர் செருப்பு நல்லது. வலை மிதவையை வைத்தால் பின்னோக்கி ஓடுகிறவர் மிதித்துக் கணுக்கால் பிசகும்.

கச்சான் காற்று வீசும் மே முதல் செப்டம்பர் வரை மன்னார் வளைகுடாப் பக்கம் கடல் குமுறும், மணல் பறந்து கண்ணில் அடிக்கும். அந்த மாதங்களில் அரியமான், தேவிபட்டினம் போன்ற பாக் நீரிணைப் பக்கம் போங்கள். வாடை தொடங்கியதும் இது தலைகீழாகும். அப்போது ஏர்வாடி, வாலிநோக்கம் பக்கம் தேவலை. தனுஷ்கோடியில் ஈர மணல் நன்றாக இறுகிக் கிடக்கும், ஓடவும் நல்லது. பயிற்சி முடிந்து வியர்வையைக் கழுவ அங்கே கடலில் இறங்காதீர்கள். நீரோட்டம் இழுக்கும்.

கரைவலை இழுத்த இடத்தில் ஆடாதீர்கள். திருக்கை முள்ளும் கெளுத்தி முள்ளும் மணலுக்குள் குத்திட்டு நிற்கும். பாம்பன், மண்டபம் பக்கம் பவளத் துண்டு காலைக் கிழிக்கும். வயல்காட்டு ஓரமென்றால் நெருஞ்சியும் சீமைக்கருவேல முள்ளும். ஆட்டத்துக்கு முன் எல்லாரும் வரிசையாக நடந்து ஒருமுறை பொறுக்கிவிட்டால் பத்து நிமிடத்தில் வேலை முடியும்.

எந்த மணல், எவ்வளவு நேரம்

உலர்ந்த பொத மணல் காலுக்கு வலு தரும், வேகத்தைக் கெடுக்கும். கால் புதைவதால் தரையை உதைக்கும் நேரம் நீளும். தினமும் அதிலேயே ஓடினால் உடம்பு அந்த மெதுவான உதைக்குப் பழகிவிடும், குதிகால் நரம்பும் கெண்டைக்காலும் வலிக்கத் தொடங்கும். வாரத்துக்கு இரண்டு நாள், ஒவ்வொரு நாளும் 15 நிமிடம், அதற்கு மேல் வேண்டாம். வேகப் பயிற்சியும் திரும்பும் பயிற்சியும் ஈர மணலில். வாரத்தில் இரண்டு நாளாவது கெட்டித் தரையில் ஸ்டட் வைத்த ஷூ போட்டு ஆட வேண்டும். மணலில் மட்டும் பழகியவர் புல்தரையில் திரும்பும்போது முழங்கால் மாட்டிக்கொள்ளும்.

நேரம் குறிப்பதும் கெட்டித் தரையில்தான். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்எஃப்எல்லின் தேர்வில் பேசப்படும் 40 கஜ ஓட்டம் 36.58 மீட்டர். அங்கே கார்னர்பேக்குகள் பெரும்பாலும் 4.4, 4.5 விநாடியில் ஓடுகிறார்கள். கைபேசியில் ஆள் அமுக்கி எடுக்கும் நேரம் மின்கருவி நேரத்தைவிட ஏறக்குறைய 0.2 விநாடி குறைத்தே காட்டும். அதை நம்பி ஊரெல்லாம் சொல்லித் திரிய வேண்டாம். இராமநாதபுரம் சீதக்காதி சேதுபதி மைதானத்தில் அளந்து, மாதம் ஒருமுறை அதே இடத்தில், அதே ஆளை வைத்துத் திரும்ப அளந்து பாருங்கள்.

நிற்பதும் பின்னோடுவதும்

கால்கள் தோள் அகலத்துக்குள். உடல் எடை முன்பாதத்தில். முழங்கால் மடங்கி, நெஞ்சு முழங்காலுக்கு மேல் நிற்க வேண்டும். ரிசீவருக்கு ஏழு கஜம் தள்ளி நில்லுங்கள், அவருக்கு நேர் எதிரே வேண்டாம். ஒரு கஜம் உள்பக்கம் நகர்ந்து நின்றால் நடுவழி அடைபடும், வெளிப்பக்கத்தை எல்லைக்கோடு பார்த்துக்கொள்ளும்.

பந்து நகர்ந்ததும் பின்னோடுங்கள். பாதம் தரையை உரசினாற்போல் தாழ்வாகப் போகட்டும், எட்டு சிறியதாக இருக்கட்டும். இங்கே எல்லாரும் செய்யும் தவறு நிமிர்ந்துவிடுவது. நிமிர்ந்தால் எடை குதிகாலுக்குப் போகும், குதிகாலில் நிற்பவர் முன்னே பாய இரண்டு எட்டு வீணாகும். அந்த இரண்டு எட்டில் பந்து போய்ச் சேர்ந்துவிடும். நிமிர்வதைத் திருத்த ஒரு வழி: இருவர் தலைக்குச் சற்றுக் கீழே கயிற்றை நீளவாக்கில் பிடித்துக்கொள்ள, அதனடியில் பத்து கஜம் பின்னோடுங்கள். ஆறு தடவை, இடையே ஒரு நிமிடம் ஓய்வு.

கண் ரிசீவரின் இடுப்பில் இருக்க வேண்டும். தலை பொய் சொல்லும், தோள் பொய் சொல்லும், கண்ணும் சொல்லும். இடுப்பை ஏமாற்றாக அசைப்பது கடினம். உங்களுக்கும் அவருக்கும் இடையே மூன்று கஜம் மிச்சமிருக்கும்வரை பின்னோட்டம் தொடரட்டும். அது குறைந்தால் அவர் ஆழத்துக்கு, அதாவது நேரே தொலைவுக்கு, போகிறார் என்று கொண்டு, இடுப்பைத் திருப்பிப் பக்கத்தில் ஓடுங்கள். அதற்கு முன்பே திரும்பினால் நீங்கள் முதுகு காட்டிய பக்கமாக அவர் வெட்டிவிடுவார்.

அவர் நிற்கப் போகிறாரா, வெட்டப் போகிறாரா என்பதற்கு அடையாளம் உண்டு. இடுப்பு சட்டெனத் தாழும், எட்டு சிறுக்கும், கை வேகமாக அடிக்கும். மூன்று கஜத்தில் உள்ளே சாய்ந்தால் குறுக்கு ஓட்டம், ஐந்தில் நின்றால் சட்டென நின்று திரும்பும் ஓட்டம், பத்து பன்னிரண்டில் என்றால் வெளியே அல்லது உள்ளே வெட்டுவது. பன்னிரண்டையும் தாண்டியும் வேகம் குறையாவிட்டால் ஆழம். அடையாளம் தெரிந்ததும் பின்காலை ஊன்றி, முன்பாதத்தைப் போக வேண்டிய திசைக்குத் திருப்பிப் பாய வேண்டும். ஊன்றும்போது இன்னொரு எட்டு பின்னால் போகும் பழக்கம் பலருக்கு உண்டு. அது தெரிய வேண்டுமானால் ஈர மணலில் பழகுங்கள். ஊன்றிய குழிக்குப் பின்னால் இன்னொரு தடம் விழுந்திருந்தால் அந்தத் தடவை கணக்கில் சேராது.

பந்தை வீசும் குவார்ட்டர்பேக்கை எப்போது பார்ப்பது? முதல் மூன்று எட்டுக்குள் மட்டும். அவர் மூன்று எட்டில் வீசவில்லை என்றால் கண் திரும்ப ரிசீவருக்கு வர வேண்டும். பந்தை வேடிக்கை பார்த்துக்கொண்டிருக்கும் கார்னரைத்தான் குவார்ட்டர்பேக் தேடுவார்.

கை

தொண்டி முதல் மூக்கையூர் வரை கபடி ஆடி வளர்ந்த பிள்ளைகளுக்குக் காலும் துணிச்சலும் தயாராக இருக்கும். கைதான் தொல்லை, அது தானாகப் போய்ப் பிடிக்கும். ஃபிளாக்கில் சட்டையைப் பிடித்தாலும், கட்டினாலும், மறித்து மோதினாலும் தவறு. பெரிய ஆட்டத்திலும் அப்படித்தான். 1978 முதல் என்எஃப்எல்லில் ஐந்து கஜத்தைத் தாண்டி ரிசீவரைத் தள்ளக் கூடாது. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸின் மெல் பிளவுன்ட் ஆடிய முரட்டு ஆட்டம்தான் இந்த விதிக்குக் காரணம் என்பார்கள், விதிக்கே அவர் பெயர் ஒட்டிக்கொண்டது. பந்து வரும்போது ரிசீவரைத் தடுத்தால், தவறு நடந்த இடத்திலேயே எதிரணிக்குப் பந்து. 40 கஜம் தள்ளி நடந்தால் 40 கஜமும் போகும்.

பழக்கத்தை மாற்ற, கைக்கு ஒன்றாக இரண்டு டென்னிஸ் பந்துகளைப் பிடித்துக்கொண்டு ரிசீவரோடு ஓடுங்கள். பிடிக்கக் கை வராது, கால்தான் வேலை செய்தாக வேண்டும். இரண்டு வாரத்தில் வித்தியாசம் தெரியும்.

நாடாவை உருவும்போது அவர் இடுப்பருகே போய்ச் சிறு எட்டு வைத்து நின்று உருவுங்கள். தூரத்திலிருந்து பாய்ந்தால் அவர் ஒரு எட்டு விலகினாலே நீங்கள் மணலில் கிடப்பீர்கள்.

ஆழப் பந்துக்கு ஒரே விதி: ரிசீவரைத் தொடும் தூரத்தில் இருந்தால் மட்டும் திரும்பிப் பந்தைத் தேடுங்கள். பின்தங்கியிருந்தால் தேடாதீர்கள், திரும்பினால் இன்னும் பின்தங்குவீர்கள். அவர் கை மேலே எழும் வரை காத்திருந்து, அந்தக் கைகளுக்கு நடுவே உங்கள் கையை நுழையுங்கள். காற்று குறுக்கே அடிக்கும் நாளில் உயரப் பந்து காற்றின் திசைக்கு ஒதுங்கி விழும். கச்சான் காலத்தில் காலை எட்டரைக்கு மேல் ஆழப் பயிற்சி செய்வதில் பயனில்லை.

உடம்பு

கார்னருக்கு முதலில் கிழிவது தொடையின் பின்தசை. ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, மண்டியிட்டபடி முன்னால் மெதுவாகச் சாயும் பயிற்சியை வாரம் இரண்டு நாள், ஐந்து தடவை வீதம் மூன்று சுற்று செய்யுங்கள். முழுவேக ஓட்டம் ஒரு நாளில் நான்குக்கு மேல் வேண்டாம், இடையே மூன்று நான்கு நிமிடம் முழு ஓய்வு. ஓய்வில்லாமல் ஓடினால் அது மூச்சுப் பயிற்சி ஆகிவிடும், வேகம் வராது. பின்தொடையில் சுருக்கென்று பட்டால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். ‘ஓடினால் சரியாகிவிடும்’ என்று சொல்பவர் பேச்சைக் கேட்டால் ஆறு வாரம் போகும்.

70 கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 110 கிராம் புரதம் தேவை. பவுடர் டப்பா வாங்க வேண்டியதில்லை. 100 கிராம் சாளையில் 20 கிராம் அளவுக்கு இருக்கும். மீன், முட்டை, கொண்டைக்கடலை போதும். தண்ணீரை வீட்டிலிருந்து கொண்டுபோங்கள், கடலோரக் கிணறுகள் பல உவர்ப்பு. வியர்த்துக் கொட்டும் நாளில் உப்பு சர்க்கரைக் கரைசல்.

படகுகள் கட்டிக் கிடக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையான தடைக்காலத்தில் பத்துப் பேர் சேர்வது எளிது. வெயிலும் அப்போதுதான் உச்சம். காலை ஐந்தரைக்குத் தொடங்கி ஏழரைக்கு முடித்துவிடுங்கள்.

தொழிலாக எடுத்தால்

என்எஃப்எல்லில் 32 அணிகள். ஆண்டுதோறும் ஏழு சுற்றில் புது வீரர்களை எடுப்பார்கள். பள்ளி முடித்து மூன்று ஆண்டு ஆகியிருக்க வேண்டும். பெரும்பாலோர் அமெரிக்கக் கல்லூரி ஆட்டம் வழியாகவே வருகிறார்கள். வெளிநாட்டவருக்காக 2017இல் தொடங்கிய தனித் திட்டம் ஒன்று உண்டு. அதில் வந்த ஆஸ்திரேலிய ரக்பி வீரர் ஜோர்டன் மைலாட்டாவை 2018இல் ஃபிலடெல்ஃபியா அணி ஏழாம் சுற்றில் எடுத்தது. ஆனால் அவர் மலைபோன்ற உடம்புக்காரர், முன்வரிசையில் ஆடுபவர். கார்னருக்கு அந்தக் கதவு குறுகலானது, ஏனென்றால் பிறந்ததிலிருந்து இந்த ஆட்டத்தைப் பார்த்து வளர்ந்தவர்களோடு போட்டி. நம் கடற்கரையிலிருந்து யோசிப்பவர் தேசிய ஃபிளாக் அணியை முதல் இலக்காக வைப்பதுதான் நடைமுறை.

உள்ளே போனவருக்கும் நிம்மதி கிடையாது. 53 பேர் பட்டியலில் நான்காவது, ஐந்தாவது கார்னராக இருப்பவர், பந்தை உதைத்து எதிரணிக்கு விடும்போது முதலில் பாய்ந்தோடிப் போய் மறிக்கும் வேலையைச் செய்துதான் இடத்தைக் காப்பாற்றுவார். 2025இல் புதியவரின் குறைந்தபட்ச ஆண்டு ஊதியம் 8,40,000 டாலர். ஆனால் ஒப்பந்தத் தொகை முழுவதற்கும் உத்தரவாதம் இருக்காது, வேலையை விட்டு நீக்கினால் மிச்சம் போய்விடும். முப்பதை நெருங்கி வேகம் குறைந்தவர்கள் சேஃப்டி என்னும் பின்வரிசை இடத்துக்கு மாறுவதுண்டு. ராட் உட்சனும் சார்லஸ் உட்சனும் அப்படி மாறியவர்கள். டேரல் கிரீன் மாறாமலே வாஷிங்டன் அணிக்கு 1983 முதல் 2002 வரை 20 பருவம் ஆடினார். உயரமும் 5 அடி 9 அங்குலத்துக்கு மேல் இல்லை. யாரும் தேர்வு செய்யாமல் வந்த ‘நைட் டிரெயின்’ லேன், 1952இல் தன் முதல் பருவத்தின் 12 ஆட்டங்களில் எதிரணி வீசிய 14 பந்துகளைப் பறித்தார். அந்தச் சாதனை இன்னும் நிற்கிறது.

தேர்வுக்கு வீடியோ அனுப்புவதென்றால் கைபேசியைப் படுக்கை வாட்டில் வைத்து, படகின் அணியம் மாதிரி உயரமான இடத்திலிருந்து எடுக்கச் சொல்லுங்கள். பந்து நகர்வதற்கு இரண்டு விநாடி முன்பே பதிவு தொடங்க வேண்டும். ஜூம் வேண்டாம், ரிசீவரும் நீங்களும் முழு உடம்போடு தெரிய வேண்டும். பாட்டுச் சேர்க்காதீர்கள். பறித்த பந்துகளோடு, தோற்ற இரண்டு மூன்று ஓட்டங்களையும் சேருங்கள். அடுத்த பந்துக்கு எப்படி வந்து நிற்கிறீர்கள் என்பதையும் பயிற்றுநர் பார்ப்பார்.