ஆர்க்டிக் மாசு: இரண்டு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து பாடமும் ஆய்வும் நடத்துவது எப்படி

இந்த மாதிரிக் கூட்டு முயற்சிகளில் பெரும்பாலும் முதலில் நடப்பது துணைவேந்தர்கள் கையெழுத்துப் போட்டுப் படம் எடுத்துக்கொள்வதுதான். அதைக் கடைசிக்குத் தள்ளுங்கள். முதலில் ஒரே மீனின் தசையை அரைத்து, இரண்டு பாட்டிலில் பிரித்துப் போட்டு, இரண்டு ஆய்வகங்களும் தனித்தனியே பாதரசத்தை அளந்து பாருங்கள். எண்கள் ஒத்துப்போகாது, பயப்படவேண்டாம். ஒருவர் ஈர எடைக்கும் இன்னொருவர் உலர் எடைக்கும் கணக்குப் போட்டிருப்பார். மீன் தசையில் முக்கால் பங்கு தண்ணீர்தான் என்பதால் அதிலேயே நாலு மடங்கு வித்தியாசம் வந்துவிடும். இந்தச் சண்டையைத் தொடக்கத்திலேயே போட்டு முடித்துவிட்டால் மூன்று வருடம் கழித்துக் கட்டுரை எழுதும்போது தலையில் கை வைக்க வேண்டியிருக்காது.

கூட்டு எதற்கு என்று கேட்டால், ஆர்க்டிக்கில், அதாவது வடதுருவப் பகுதியில், கிடைக்கும் மாசில் பெரும்பகுதி அங்கே உண்டானதே இல்லை. பி.சி.பி. (மின்கருவிகளில் பயன்பட்ட, எளிதில் சிதையாத ஒரு நச்சு) போன்ற வேதிப்பொருட்கள் வெப்பமான இடங்களில் ஆவியாகி, காற்றோடு போய், குளிரில் படிந்து, பிறகு மிதவையுயிரி, மீன், சீல், பனிக்கரடி என்று ஒவ்வொரு படியிலும் செறிந்துகொண்டே போகின்றன. 1980களின் கடைசியில் கனடாவின் நுனாவிக் பகுதியில் வாழும் இனுயிட் பழங்குடித் தாய்மார்களின் தாய்ப்பாலில் தெற்குக் கியூபெக்கைவிடப் பல மடங்கு பி.சி.பி. இருந்தது தெரியவந்தது. அந்த ஊர்களில் ஒரு தொழிற்சாலைகூடக் கிடையாது. கிளம்பிய இடம் ஒரு நாடு, படிந்த இடம் இன்னொரு நாடு; ஒரே பல்கலைக்கழகம் உட்கார்ந்து முழுக்கதையையும் பார்க்க முடியாது.

தலைப்பைக் குறுக்குங்கள். ‘ஆர்க்டிக் மாசு’ என்று விண்ணப்பம் எழுதினால் அது கடல் மாதிரி விரியும். பாதரசம், கரும்புகைத் துகள், நுண்பிளாஸ்டிக் ஏதாவது ஒன்று போதும். என்னைக் கேட்டால் பாதரசம். அளக்கும் முறை பழகியது, பாதரசத்தைக் கட்டுப்படுத்தும் மினமாட்டா சர்வதேச உடன்படிக்கை இருப்பதால் சட்டம் படிக்கும் மாணவர்களையும் இழுக்கலாம். நுண்பிளாஸ்டிக் கவர்ச்சியான தலைப்புதான், ஆனால் அளவுமுறையில் ஒற்றுமை கொண்டுவருவது கஷ்டம். 2018இல் ஜெர்மனியின் ஆல்ஃபிரட் வேகனர் நிறுவனத்தார் ஆர்க்டிக் கடற்பனியில் லிட்டருக்கு 12,000 துகள் வரை கண்டார்கள், அவற்றில் பாதிக்குமேல் 0.05 மில்லிமீட்டருக்கும் சிறியவை. உங்கள் கூட்டாளி 0.3 மில்லிமீட்டர் வலை போட்டு அலசுகிறவர் என்றால் அவர் கண்ணில் இவை படவே படாது.

கூட்டாளியைத் தேட 2001இல் தொடங்கிய ஆர்க்டிக் பல்கலைக்கழக வலையமைப்பு நல்ல வாசல். ஆர்க்டிக் நாடுகளுக்கு வெளியே உள்ள கல்லூரிகளும் சேரலாம், துறைவாரியாகக் குழுக்கள் உண்டு. மாணவர்களைக் களத்துக்கு அனுப்ப நார்வேயின் ஆர்க்டிக் தீவுக்கூட்டமான ஸ்வால்பார்டில் லாங்இயர்பியன் ஊரில் இருக்கும் பல்கலைக்கழக மையத்தைப் பாருங்கள். ஆங்கிலத்தில்தான் பாடம், தங்குவதற்கும் சாப்பாட்டுக்கும் செலவு ஆகும், களத்துக்குப் போகுமுன் பனிக்கரடிப் பாதுகாப்புப் பயிற்சி உண்டு.

பாடம் நடத்துவதில் பெரிய தலைவலி நேரம். அலாஸ்காவின் ஃபேர்பேங்க்ஸுக்கும் நார்வேயின் டிராம்சோவுக்கும் 10 மணி நேர வித்தியாசம். எல்லா வகுப்பையும் நேரலையில் நடத்த முயலாதீர்கள். விரிவுரையைப் பதிவுசெய்து கொடுத்துவிட்டு, வாரம் ஒரு மணி நேரம் மட்டும் சேர்ந்து பேசுங்கள், அதற்கும் தூக்கம் கெடுவது யார் என்பதை முறை மாற்றிக்கொள்ளுங்கள். ஒரு பாடத்துக்கு எத்தனை கிரெடிட் என்ற கணக்கையும் முன்பே தீர்த்துவிடுங்கள், ஐரோப்பாவில் முழு வருடத்துக்கு 60 கிரெடிட், மற்ற இடங்களில் வேறு கணக்கு. பயிற்சிக்குக் கற்பனை எண்கள் வேண்டாம். ஸ்வால்பார்டின் நீ-ஆலசுண்டில் செப்பலின் மலைமேல் இருக்கும் காற்று ஆய்வகத்தின் அளவீடுகள், நார்வேயின் நீலு நிறுவனம் நடத்தும் ஈபாஸ் தரவுத்தளத்தில் எல்லாருக்கும் திறந்தே கிடக்கின்றன.

அனுமதி விஷயத்தில் தாராளமாக நேரம் ஒதுக்குங்கள். ஸ்வால்பார்டில் களப்பணித் திட்டத்தைப் பதிவுசெய்ய வேண்டும், வட கனடாவின் நுனாவுட்டில் ஆராய்ச்சி உரிமம் வேண்டும், பனிக்கரடியின் ரோமமோ கொழுப்போ எல்லை தாண்டினால் சைட்டஸ் (அரிய உயிரினங்களின் வணிகத்தைக் கட்டுப்படுத்தும் உடன்படிக்கை) அனுமதி வேண்டும். ஆட்களும் கருவிகளும் மாதிரிகளும் எல்லை தாண்டுவதை எளிதாக்க எட்டு ஆர்க்டிக் நாடுகளும் 2017இல் ஃபேர்பேங்க்ஸில் ஓர் ஒப்பந்தம் போட்டன. அதைச் சுட்டிக்காட்டிக் கடிதம் எழுதலாம், ஆனாலும் உலர்பனிப் பெட்டி சுங்கத்தில் நின்றுவிட்டால் ஒப்பந்தம் வந்து குளிரூட்டாது.

இதைவிட முக்கியம் அங்கே வாழ்கிறவர்கள். கேள்வியை முடிவு செய்துவிட்டு அப்புறம் ‘சம்மதமா’ என்று போய் நிற்காதீர்கள். கேள்வியையே அவர்களோடு சேர்ந்து எழுதுங்கள். மாதிரி எடுத்துத் தரும் வேட்டைக்காரர்களுக்கான கூலி வரவுசெலவில் தனி வரியாக இருக்கட்டும். முடிவுகள் ஆய்விதழுக்குப் போகுமுன் ஊருக்குப் போகட்டும், அதுவும் ‘உங்கள் சாப்பாட்டில் நஞ்சு’ என்ற ஒற்றை வரியாக அல்ல. சீலும் திமிங்கிலமும் அவர்களுக்குச் சத்துணவு. கடையில் வாங்கும் மாற்று விலையும் அதிகம், சத்தும் குறைவு. எந்த உறுப்பில் அதிகம், எதைத் தாராளமாகச் சாப்பிடலாம் என்று சொன்னால்தான் அவர்களுக்குப் பயன்.

சரி, இப்போது ஒப்பந்தம். ஆர்க்டிக் கடற்கரையில் பாதிக்குமேல் ரஷ்யாவுடையது, 2020இல் சுமார் 20,000 டன் டீசல் கசிந்த நோரில்ஸ்க்கும் அங்கேதான். 2022இல் ரஷ்யா உக்ரைன்மேல் படையெடுத்த பிறகு மேற்கத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு ரஷ்யாவோடு இருந்த பெரும்பாலான கூட்டுப்பணி நின்றுபோனது. அதனால் உறவு அறுந்தால் என்ன ஆகும் என்பதை நன்றாக இருக்கும்போதே எழுதிவிடுங்கள்: தரவின் பிரதி இரண்டு பக்கமும், ஒவ்வொரு மாதிரியிலும் பாதி இரண்டு உறைபெட்டியிலும், நடுவில் மாட்டிக்கொள்ளும் முனைவர்பட்ட மாணவருக்கு எந்தப் பக்கத்து வழிகாட்டி பொறுப்பு என்பது பெயரோடும். இவ்வளவும் இரண்டு தாளுக்குள் அடங்கும். துணைவேந்தர்கள் அதில் கையெழுத்துப் போடட்டும்.